அட்டை நிற்பதற்குள் வாருங்கள், தோழர்களே

வியாழக்கிழமை மாலைகளை எனக்குத் தாருங்கள். அதைக் கேட்கத்தான் இதை எழுதுகிறேன். நேரம் குறைவாக இருப்பதால் சுற்றி வளைக்கவில்லை.

நியூ ஜெர்சியில் நாம் சனிக்கிழமைதோறும் அரிசியும் பீன்ஸும் பொட்டலம் கட்டும் உணவு வங்கிக்குப் போன மாதம் ஒருவர் வந்தார். வயது 58. ஈக்வடாரிலிருந்து வந்து இருபது ஆண்டுக்கு மேல் ஆகிறது, குடியுரிமையும் பெற்றுவிட்டார். ஏஜென்சி மூலம் கிடங்கில் லாரிப் பெட்டி இறக்குகிறார். வரிசையில் அவர் முறை வந்தபோது பையை நீட்டவில்லை. மூன்றாக மடித்த ஒரு கடிதத்தை நீட்டினார். மடிப்பில் வியர்வை பட்டு எழுத்து கலைந்திருந்தது. ‘வேலை நிபந்தனையை நீங்கள் நிறைவேற்றவில்லை, உங்கள் உணவு உதவி நிறுத்தப்படும்’ என்பதுதான் அதன் சாரம். படித்துச் சொன்னேன். தன் உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினார். காய்ப்பு ஏறிய கை. “நான் வேலை செய்கிறேனே?” என்று மட்டும் கேட்டார்.

அவர் அந்த மாதம் 71 மணி நேரம் வேலை செய்திருந்தார். சட்டம் கேட்பது 80. ஒன்பது மணி குறைவு. அந்த ஒன்பது மணியை அவர் தூங்கிக் கழிக்கவில்லை. காலை ஐந்து மணிக்கு ஏஜென்சி வாசலில் நின்று, “இன்று ஆள் போதும்” என்று திருப்பி அனுப்பப்பட்ட நாட்கள் அவை.

இந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்பதை நம் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த உணவு உதவியின் பெயர் ஸ்னாப், நம்மவர் இன்றும் ஃபுட் ஸ்டாம்ப் என்று சொல்லும் அதே திட்டம். 1964இல் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்டு நிரந்தரமானது. 2024இல் சுமார் 4.2 கோடிப் பேர் இதை நம்பிச் சமைத்தார்கள், அவர்களில் பத்தில் நான்கு பேர் குழந்தைகள். தலைக்கு மாதம் சராசரி 187 டாலர், அதாவது ஒரு நாள் சாப்பாட்டுக்கு ஆறு டாலர் சொச்சம். 1996இல் பில் கிளின்டன் கையெழுத்திட்ட நலத்திட்டச் சீர்திருத்தச் சட்டத்தில் ஒரு திருத்தம் நுழைந்தது. ஒஹையோவின் ஜான் கேசிக் கொண்டுவந்தது. பிள்ளைகள் இல்லாத, உடல் திடமுள்ள 18 முதல் 49 வயதுவரை உள்ளவர், மாதம் 80 மணி நேரம் வேலையோ பயிற்சியோ காட்டாவிட்டால், மூன்று ஆண்டில் மூன்றே மாதம்தான் உணவு உதவி. அதற்குப் பிறகு கிடையாது.

2023இல் போட்ட சட்டம் அந்த வயது வரம்பைப் படிப்படியாக 54க்கு ஏற்றியது. 2025 ஜூலை 4இல் டொனால்ட் டிரம்ப் கையெழுத்திட்ட சட்டம் அதை 64க்குக் கொண்டுபோய்விட்டது. வீடற்றவர், முன்னாள் படைவீரர், அரசுக் காப்பில் வளர்ந்து வெளியேறிய இளைஞர் ஆகியோருக்கு 2023இல் கொடுத்த பாதுகாப்பையும் எடுத்துவிட்டது. கடைசிப் பிள்ளைக்கு 14 வயது ஆகிவிட்டால் தாயும் இனி மணிக்கணக்கு காட்ட வேண்டும். முன்பு 18 வயதுவரை விட்டிருந்தார்கள். வேலையே இல்லாத வட்டாரங்களுக்கு மாநிலங்கள் கேட்டு வாங்கிய விலக்கையும் சுருக்கி, பெரும்பாலான மாநிலங்களில் வேலையின்மை பத்து விழுக்காட்டுக்கு மேல் போனால்தான் உண்டு என்று வைத்துவிட்டது. இதே விலக்கைச் சுருக்க 2019இல் வேளாண்மைத் துறை விதி போட்டபோது, 6,88,000 பேர் உதவியை இழப்பார்கள் என்று அந்தத் துறையே கணக்குச் சொன்னது. நீதிபதி பெரில் ஹாவல் 2020இல் அதை ரத்து செய்தார். அன்று நீதிமன்றம் தடுத்ததை இன்று காங்கிரஸ் சட்டமாகவே எழுதிவிட்டது. விரிவாக்கிய வேலை நிபந்தனையால் சராசரி மாதம் 24 லட்சம் பேர் திட்டத்துக்கு வெளியே போவார்கள் என்பது காங்கிரஸின் சொந்த நிதி அலுவலகம் போட்ட கணக்கு.

இவ்வளவு செய்து வேலையாவது பெருகுமா? வர்ஜீனியாவில் அரசுப் பதிவேடுகளையே வைத்துப் பொருளாதார அறிஞர்கள் ஐவர் ஆராய்ந்த முடிவு 2023இல் அச்சேறியது. நிபந்தனைக்கு உட்பட்டவர்களில் உதவி பெறுவோர் தொகை 53 விழுக்காடு சரிந்தது. வேலைவாய்ப்பு உயர்ந்ததற்கு அவர்களுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. கூடுதலாக அடிபட்டவர்கள் வீடற்றவர்கள். இது ஒன்று போதும், தோழர்களே. இந்த நிபந்தனை வேலையைத் தருவதில்லை, சாப்பாட்டை மட்டும் எடுக்கிறது.

“சும்மா உட்கார்ந்து தின்கிறார்கள்” என்று நம் வீட்டு விருந்துகளிலேயே சிலர் பேசக் கேட்டிருக்கிறேன். அவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் 2020இல் தந்த அறிக்கையில், ஸ்னாப் பெறுவோரில் கூலி வேலை பார்க்கும் பெரியவர்களில் சுமார் 70 விழுக்காட்டினர் வாரம் 35 மணி நேரமோ அதற்கு மேலோ உழைக்கிறார்கள் என்று இருக்கிறது. அவர்களை வைத்து வேலை வாங்கும் முன்னணி நிறுவனங்களில் வால்மார்ட்டும் மெக்டொனால்ட்ஸும் உண்டு. கூலி போதாமல்தான் உணவு உதவி அட்டை வாங்குகிறார்கள்.

பயிற்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம்மில் சிலருக்கு அதில் குழப்பம் இருக்கிறது. “பயிற்சிதானே கொடுக்கிறார்கள், நல்லதுதானே?” என்று போன கூட்டத்தில் ஒரு தோழர் கேட்டார். நல்ல கேள்வி. என் பதில் இது.

நம் உணவு வங்கிக்கு வரும் ஓர் அம்மாவுக்கு வயது 61. பள்ளிச் சமையலறையில் பல ஆண்டு, நானூறு பிள்ளைகளுக்குப் பகல் உணவு சமைத்தவர். முழங்கால் தேய்ந்ததால் நிற்க முடியாமல் வேலையை விட்டார். அவரை ஒரு வகுப்புக்கு அனுப்பினார்கள். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். அங்கே கணினி மவுஸைப் பிடிப்பது, பயோடேட்டா எழுதுவது, நேர்முகத் தேர்வில் கண்ணைப் பார்த்துப் பேசுவது எல்லாம் கற்றுத் தந்தார்கள். கடைசி நாள் ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். அதை உறை போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறார், என்னிடம் எடுத்துக் காட்டினார். அதன் பிறகு முப்பது இடங்களுக்கு விண்ணப்பம் போட்டார். ஒருவரும் கூப்பிடவில்லை. வேலை தேடி அலைந்த அந்த நேரம் மட்டும் தனியாக 80 மணிக் கணக்கில் சேராது என்று பிறகு தெரிந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, பயிற்சி இடம் எல்லாருக்கும் ஏற்பாடு செய்தாக வேண்டும் என்ற கட்டாயம் மாநிலத்துக்கு இல்லை. இடம் கிடைக்காவிட்டாலும் மூன்று மாதக் கடிகாரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

இதே ஊரில் வேறொன்றையும் பார்த்திருக்கிறேன். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டவும், முதியோர் இல்லங்களில் செவிலியர் உதவியாளராகவும் பயிற்சி தருகிறார்கள், பஸ் காசும் குழந்தைக் காப்பகச் செலவும் சேர்த்து. விரும்பியவர் மட்டும் வரலாம். அதற்கு ஆட்களைத் துரத்திப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை, காத்திருப்போர் பட்டியல்தான் நீண்டது. அப்படிப்பட்ட பயிற்சி எல்லாருக்கும் வேண்டும், அதற்கு அரசிடம் பணம் கேட்டு நாமே நிற்போம். சாப்பாட்டைப் பணயமாக வைத்து வகுப்பில் உட்காரவைப்பதை மட்டும் ஏற்க முடியாது.

பட்டினி கிடப்பவனை வேலை வாங்கிச் சோதித்துப் பார்த்த பிறகே தானியம் அளப்பது நமக்குப் புதிதல்ல. தாது வருஷப் பஞ்சத்தில் இதை நம் மண்ணில் செய்து பார்த்தார்கள். 1877இல் சென்னை மாகாணத்துக்கு வந்த பிரிட்டிஷ் அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள், மண் சுமந்து கல் உடைக்கும் ஆணுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று நிர்ணயித்தார். நிவாரணம் எளிதாகக் கிடைத்தால் சோம்பேறிகள் வந்து குவிவார்கள் என்ற அச்சம் அந்தக் கூலிக்குப் பின்னால் இருந்தது. இந்தக் கூலியில் மனிதர் சாவார்கள் என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து எழுதிக்கொண்டே இருந்தார். பம்பாய் மாகாணத்தில் தொழிலாளர்கள் நிவாரணப் பணியிடங்களை விட்டுக் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். சென்னையில் சில மாதங்களில் கூலியை உயர்த்த வேண்டி வந்தது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்ப் பகுதியை வெட்டியவர்கள் அந்தப் பஞ்சத்துக் கூலிகள்தான். அவர்களின் பேரன் பேத்திகளான நாம் உணவு வங்கியின் இந்த வரிசையைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போக முடியாது.

நம்மவர் விஷயமும் இதில் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே அடைக்கலம் பெற்ற ஓர் அக்கா, நவம்பரில் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். “தம்பி, எனக்கு இனிக் கார்டில காசு வராதாம். உண்மையே?” உண்மைதான். அகதிகளுக்கும் அடைக்கலம் பெற்றவர்களுக்கும் இதுவரை இருந்த உரிமையைப் புதிய சட்டம் எடுத்துவிட்டது. பச்சை அட்டை வரும்வரை அவருக்கு ஸ்னாப் கிடையாது. எத்தனை மணி வேலை செய்தாலும் கிடையாது. ஆனால் இங்கே பிறந்த அவர் பிள்ளைக்கு உரிமை அப்படியே இருக்கிறது. பயத்தில் குடும்பம் முழுவதையும் திட்டத்திலிருந்து விலக்கிக்கொள்ள இருந்தார். தடுத்தோம். இப்படித் தெரியாமல் விலகிக்கொள்ளும் குடும்பங்கள் நம் சுற்றத்தில் இன்னும் இருக்கும். ஒவ்வொருவரும் தெரிந்த நான்கு வீடுகளை அழைத்துக் கேளுங்கள்.

இனிச் செய்ய வேண்டியது. அந்தக் கிடங்குத் தொழிலாளியிடமே திரும்புகிறேன். அவருடைய சம்பளச் சீட்டுகளை மேஜையில் பரப்பினோம். மணிக்கு 16 டாலர். 71 மணிக்கு 1,136 டாலர், வாரத்துக்குச் சராசரி 264. விதியில் இன்னொரு வழி இருக்கிறது. வாரம் 217 டாலர் 50 சென்ட் சம்பாதிப்பவர், எத்தனை மணி நேரம் உழைத்தாலும் சரி, இந்தக் கால வரம்புக்கு உட்பட்டவரே இல்லை. அது 7 டாலர் 25 சென்ட் என்ற கூட்டாட்சிக் குறைந்தபட்சக் கூலியை 30 மணியால் பெருக்கி வரும் தொகை. அந்தக் கூலி 2009க்குப் பிறகு ஏறவே இல்லை. நம் மாநிலத்தில் குறைந்தபட்சக் கூலி 15 டாலரைத் தாண்டிவிட்டதால், வாரம் 15 மணி நேரம் வேலை செய்பவரே இந்த வரம்பைக் கடந்துவிடுவார். இதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. மேல்முறையீடு எழுதினோம், சீட்டுகளை நகலெடுத்து இணைத்தோம். எல்லாம் சேர்த்து நாற்பது நிமிடம் ஆயிற்று.

அந்த நாற்பது நிமிடத்தைத்தான் உங்களிடம் கேட்கிறேன். இப்படி எத்தனை பேர் உரிமை இருந்தும் ஒரு தாள் இல்லாமல் விழுகிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள். முழங்கால் தேய்ந்த அந்த அம்மாவுக்கு ஊனச் சான்று தேவையில்லை, அவரால் வேலை செய்ய முடியாது என்று மருத்துவரோ செவிலியரோ சமூகப் பணியாளரோ எழுதித் தந்தால் போதும். நோயாளியைப் பார்த்துக்கொள்பவருக்கு விலக்கு உண்டு. கர்ப்பிணிக்கு உண்டு. சம்பளமில்லாத தொண்டு வேலையும், யாராவது கையெழுத்திட்டு உறுதி செய்தால், 80 மணியில் சேரும். நம் உணவு வங்கியில் பெட்டி அடுக்கும் ஓர் இளைஞன் ஏற்கெனவே இதைச் செய்துகொண்டிருக்கிறான், நாம்தான் எழுதிக் கொடுக்கவில்லை. இனி வாராவாரம் எழுதிக் கொடுப்போம். நோட்டீஸில் போட்ட தேதிக்குள் விசாரணை கேட்டால் முடிவு வரும்வரை உதவி தொடரும். அந்தக் கெடு பெரும்பாலும் பத்து நாள்தான். கடிதத்தைப் பிரிக்காமல் வைத்திருப்பவரைப் பிரிக்கச் சொல்லுங்கள். படிக்கத் தெரியாவிட்டால் நாம் படித்துச் சொல்வோம்.

மாநிலத்தின்மேலும் நெருக்குதல் வேண்டும். தன் விருப்பப்படி குறிப்பிட்ட எண்ணிக்கையினருக்கு விலக்குத் தர ஒவ்வொரு மாநிலத்துக்கும் சட்டமே ஒதுக்கீடு தந்திருக்கிறது. அதில் ஒன்றுகூட வீணாகக் கூடாது என்று சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்துக்குப் போய் நேரில் கேட்போம். தேர்தலில் வாக்குக் கேட்டு வருகிறவரிடம், 1996இல் நுழைத்த அந்த மூன்று மாத வரம்பை முழுதாக நீக்குவீர்களா என்று கேளுங்கள். மழுப்பினால் மறுபடி கேளுங்கள்.

இந்த உதவியை நிர்வகிக்கும் கவுண்டி அலுவலக ஊழியர்களிடம் கோபப்படாதீர்கள். ஒருவர் மேஜையில் நூற்றுக்கணக்கான கோப்புகள் கிடக்கின்றன. அவர்களும் தொழிற்சங்கத்தில் இருப்பவர்கள், இந்தப் போராட்டத்தில் நம் பக்கம் நிற்க வேண்டியவர்கள்.

2025 நவம்பரில் அரசு முடங்கி அட்டையில் பணம் வராமல் நின்றபோது, நம் வாசலில் வரிசை தெருமுனைவரை போனது. அன்று நீங்கள் எல்லாரும் வந்தீர்கள். வேலை முடித்து, சீருடையோடு, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு. அரசு திறந்ததும் அந்த வரிசை குறைந்தது. இப்போது வருவது அப்படி ஒரே நாளில் வராது. கடிதம் கடிதமாக, வீடு வீடாக வருகிறது. வெளியே தெரியாது.

வியாழன் மாலை 6 மணி. உணவு வங்கியின் பின்னறையில் மூன்று மேஜை போட்டிருக்கிறோம். ஸ்பானிஷ் தெரிந்தவர்கள் கட்டாயம் வேண்டும், கணக்குத் தெரிந்தவர்கள் வேண்டும், பிரிண்டர் தாள் ஒரு கட்டு வேண்டும். நீங்கள் வழக்கறிஞராக இருக்க வேண்டியதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, கடிதத்தை வாங்கிப் படித்து, தேதியைப் பாருங்கள், போதும். இந்த வாரத்துக்கு மட்டும் பதினோரு பேர் பெயர் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நாங்கள் நான்கு பேர் இருக்கிறோம். வாருங்கள்.