மின்சார மீட்டரும் குடியானவரின் சுதந்திரமும்

சென்னை நகரின் தென்மேற்கில், அடையாற்றின் தென்கரையை அடுத்து ஈக்காட்டுத்தாங்கல் என்னும் பகுதி இருக்கின்றது. தாங்கல் என்பது மழைநீரைத் தாங்கி நிறுத்தி, கீழேயுள்ள வயல்களுக்கு மடை வழியே விடும் சிற்றேரிக்குப் பெயர் என்பதைக் குடியானவர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. பழவந்தாங்கல், வேடந்தாங்கல் முதலிய பெயர்களும் இவ்விதம் வந்தவையே. இன்று ஈக்காட்டுத்தாங்கலில் தொழிற்சாலைகளும், மாடிக் கட்டிடங்களும், மெட்ரோ ரயில் நிலையமும் நிற்கின்றன. ஆயினும் அவ்வூரின் பெயர் ஒரு பழைய நீதியை நினைவூட்டிக்கொண்டிருக்கின்றது. ஏரி நீர் பொதுவாயினும், மடையைத் திறக்கவும் அடைக்கவும் உரியவன் யார், அவன் யாருக்கு உத்தரவாதி என்பது ஊரார் யாவருக்கும் தெரிந்திருந்தது. முறை தவறி மடையை அடைத்தவனை ஊர் நடுவே நிறுத்திக் கேட்க முடிந்தது.

மின்சார விஷயத்தில் இந்நீதி நிலைக்குமா என்பதே இப்போது எழுந்துள்ள கேள்வி. ஈக்காட்டுத்தாங்கலுக்குச் சமீபத்திலுள்ள தியாகராய நகரில், பரீட்சார்த்தமாக லட்சத்துக்கு மேற்பட்ட ஸ்மார்ட் மீட்டர்கள் பொருத்தப்பட்டன. பட்டணத்து விஷயம் நமக்கு எதற்கு என்று கிராமவாசிகள் இருந்துவிடலாகாது. மின்சாரமே முதலில் பட்டணங்களுக்கு வந்து, பின்னர் 1932ஆம் வருஷத்தில் தொடங்கிய பைக்காரா நீர்மின் திட்டத்தின் மூலம் கோயமுத்தூர்ச் சீமையின் கிணறுகளை எட்டியது. மீட்டரும் அவ்வழியே வரக்கூடும்.

இம்மீட்டரின் தன்மையை முதலில் அறிந்துகொள்ளுதல் நலம். பழைய மீட்டர் மொத்த யூனிட்டை மாத்திரம் காட்டும். கணக்கெடுப்பவர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து அதைக் குறித்துக்கொண்டு போவார். புதிய மீட்டரோ பதினைந்து அல்லது முப்பது நிமிஷங்களுக்கு ஒருமுறை செலவைத் தானே பதிந்து வைத்து, கைபேசிக்குரிய அலைகளின் மூலமாகவோ வேறு ரேடியோ அலைகளின் மூலமாகவோ தூரத்திலுள்ள காரியாலயத்துக்கு அனுப்புகின்றது. மேலும் அதனுள் ஒரு விசையும் இருக்கின்றது. காரியாலயத்தில் இருந்தபடியே அவ்விசையைத் தள்ளி ஒரு வீட்டின் மின்சாரத்தை நிறுத்தலாம், திரும்பவும் விடலாம். ஆகவே இது அளவுகோலும் மடையும் ஒன்றாய்ச் சேர்ந்த கருவியாகும்.

2021ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் மத்திய சர்க்கார் அங்கீகரித்த மின்பகிர்மானச் சீர்திருத்தத் திட்டத்தின்படி, தேசமெங்கும் சுமார் 25 கோடி மீட்டர்களை முன்பணம் செலுத்தும் முறையில் பொருத்துவதென்று உத்தேசிக்கப்பட்டது. அவ்வருஷம் ஆகஸ்டு மாதத்து அறிவிக்கையில் விவசாய இணைப்புகள் விலக்கப்பட்டன. ஆதலின் நமக்குப் பயமில்லை என்று சிலர் சொல்லக்கூடும். விலக்கு கிணற்று மோட்டாருக்கேயன்றி, குடியானவர் குடியிருக்கும் வீட்டுக்கும், அவருடைய மாவு மில்லுக்கும் அல்ல. அன்றியும் 2020ஆம் வருஷத்தில், விவசாயிகளின் மின்சார மானியத்தை நேரடியாகப் பணமாய் வழங்குவது முதலிய சீர்திருத்தங்களைச் செய்யும் ராஜ்யங்களுக்கே கூடுதல் கடன் வாங்க அனுமதி என்று ஒரு நிபந்தனை வைக்கப்பட்டதையும், தமிழ்நாடு அதை ஆட்சேபித்ததையும் மறந்துவிடலாகாது. ஒருமுறை எழுந்த யோசனை மறுமுறையும் எழக்கூடும்.

இந்த அச்சத்துக்குப் பழைய காரணமும் உண்டு. கிணற்று மோட்டாருக்கு மீட்டர் வைத்து யூனிட் கணக்கில் காசு வாங்கிய காலம் ஒன்று இருந்தது. கட்டணத்தை உயர்த்தியபோது கோயமுத்தூர் ஜில்லாக் குடியானவர்கள் நாராயணசாமி நாயுடு அவர்களின் தலைமையில் கிளர்ந்தெழுந்தனர். 1970ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் பெருமாநல்லூரில் நிகழ்ந்த துப்பாக்கிப் பிரயோகத்தில் மூன்று விவசாயிகள் உயிர் நீத்தனர். 1972ஆம் வருஷத்தில் கட்டை வண்டிகள் கோயமுத்தூர் வீதிகளை அடைத்து நின்றன. 1984ஆம் வருஷத்தில் சிறு விவசாயிகளுக்கும், 1990ஆம் வருஷத்தில் விவசாயிகள் யாவருக்கும் இலவச மின்சாரம் கிடைத்தது. ஆகையால் மீட்டர் என்ற சொல்லைக் கேட்டவுடன் குடியானவர் மனம் கலங்குவது அறியாமையினால் அன்று. அனுபவத்தினாலேயாம்.

நிற்க. எதிர்த் தரப்பின் நியாயத்தையும் கேட்பதே முறை. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் வாக்கு. 2003ஆம் வருஷத்து மின்சாரச் சட்டத்தின் 55ஆம் பிரிவே, சரியான மீட்டர் மூலமாகவன்றி மின்சாரம் வழங்கலாகாது என்றும், அதற்குரிய கெடுவை ராஜ்ய ஒழுங்குமுறை ஆணையம் நீட்டிக்கலாம் என்றும் கூறுகின்றது. அளவு இல்லாவிடில் கம்பியில் நஷ்டமாகும் மின்சாரமும், திருட்டுப்போகும் மின்சாரமும் கிணற்றின் தலையில் எழுதப்படுவதற்கு இடமுண்டு. குடியானவர் உபயோகிக்காத மின்சாரத்துக்கும் அவரே பழி ஏற்க நேரிடும். மின் அழுத்தம் குறைந்து மோட்டாரின் காயில் எரிந்துபோகும் துன்பத்தை அனுபவித்தவர்கள், எந்த டிரான்ஸ்பார்மரில் பாரம் மிகுந்துள்ளது என்பதை அதிகாரிகள் உடனே அறிய ஒரு வழியிருந்தால் வேண்டாமென்று சொல்லார். ஆகவே அளப்பதை நாம் ஆட்சேபிக்கவில்லை. அளந்த கணக்கு யாரிடம் போகின்றது, விசை யார் கையில் இருக்கின்றது என்பவற்றையே கேட்கிறோம்.

கணக்கின் விஷயத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். ஒரு வீட்டார் ஊரில் இல்லை என்பதை வாசலில் கோலம் இல்லாததைக்கொண்டு தெருவார் அறிவதுண்டு. கால்மணிக்கு ஒருமுறை எழுதப்படும் மின்சாரக் கணக்கு அக்கோலத்தைவிட அதிகம் பேசும். வீட்டார் எழுந்த நேரம், உறங்கிய நேரம், இரவில் நோயாளிக்காக விளக்கு எரிந்தது, நான்கு நாள் வீடு பூட்டிக் கிடந்தது ஆகிய யாவும் அதிலிருந்து ஊகிக்கக்கூடியவை. கிணற்றுக் கணக்கோ இன்னும் வெளிப்படை. ஐந்து குதிரைச் சக்தி மோட்டார் ஒரு மணி ஓடினால் ஏறக்குறைய நான்கு யூனிட் செலவாகும். எத்தனை மணி ஓடிற்று என்று தெரிந்தால், இறைத்த நீரையும், நெல்லா புஞ்சைப் பயிரா என்பதையும், நிலம் தரிசாய்க் கிடக்கின்றதா என்பதையும் கணித்துவிடலாம். அக்கணக்கு ஒரு வியாபாரியின் கைக்குப் போய்ச் சேருமாயின், அறுப்புக்கு முன்பே விலை பேசும் பலம் அவனுக்கு வந்துவிடும்.

இது வீண் கற்பனை அன்று. ஒரே இடத்தில் அளந்த மின்சாரத்தைக்கொண்டு வீட்டிலுள்ள ஒவ்வொரு சாதனத்தையும் பிரித்தறியும் வித்தையை 1980க்குப் பிற்பட்ட வருஷங்களில் அமெரிக்காவில் ஆராய்ந்த ஜார்ஜ் ஹார்ட் என்பவர், அது பிறர் வாழ்க்கையை வேவு பார்க்கவும் பயன்படும் என்று 1989ஆம் வருஷத்திலேயே எச்சரித்தார். நெதர்லாந்து தேசத்தில் இம்மீட்டரைக் கட்டாயமாக்க வந்த மசோதாவை அத்தேசத்து மேல் சபை 2009ஆம் வருஷத்தில் ஏற்க மறுத்தது. வீட்டின் அந்தரங்கத்துக்குப் பங்கம் என்பது முக்கிய ஆட்சேபமாயிருந்தது. பின்னர் விருப்பமில்லாதவர் மறுக்கலாம் என்ற முறை ஏற்பட்டது. அமெரிக்காவில் நேப்பர்வில் என்னும் நகரத்தார் தொடுத்த வழக்கில், பதினைந்து நிமிஷக் கணக்கை எடுப்பது வீட்டைச் சோதனையிடுவதற்கு ஒப்பானதே என்று 2018ஆம் வருஷத்தில் அப்பீல் கோர்ட்டார் கூறினர். ஆனால் குற்றவிசாரணைக்காக அன்றி மின்விநியோகத்துக்காகவே எடுக்கப்படுவதால் அது நியாயமானது என்றும் தீர்ப்பளித்தனர். நோக்கம் மாறினால் நியாயமும் மாறும் என்பது இதிலிருந்து விளங்கும். நம் தேசத்திலும் 2017ஆம் வருஷம் ஆகஸ்டு 24ஆம் தேதி, சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஏகமனதாகத் தீர்ப்புக் கூறினர். 2023ஆம் வருஷத்தில் தனிநபர் தகவல்களைக் காக்கச் சட்டமும் இயற்றப்பட்டது. ஆயினும் அதில் சர்க்காருக்கு விதிவிலக்கு அளிக்கும் பிரிவுகளும் இருக்கின்றன.

அடுத்தது விசையின் விஷயம். பாக்கிக்காக மின்சாரத்தைத் துண்டிப்பதற்கு முன் பதினைந்து முழு நாட்களுக்குக் குறையாமல் எழுத்து மூலம் நோட்டீஸ் தரவேண்டும் என்று மின்சாரச் சட்டத்தின் 56ஆம் பிரிவு விதிக்கின்றது. அந்தப் பதினைந்து நாளில் குடியானவர் கடன் வாங்கியோ, விளைபொருளை விற்றோ பணம் கட்டிவிடலாம். கணக்குத் தவறென்றால் முறையிடலாம். முன்பணம் செலுத்தும் முறையிலோ, இருப்பு தீர்ந்தவுடன் விசை விழுந்துவிடக்கூடும். மாதச் சம்பளக்காரர் கையிலுள்ள கைபேசியில் உடனே பணம் கட்டுவார். அறுவடைக்கு அறுவடை பணம் காணும் குடும்பத்துக்கு அவ்வசதி ஏது? விசை தானே விழுமிடத்தில் பதினைந்து நாள் நோட்டீஸ் ஏட்டளவில் நின்றுவிடும். 2024ஆம் வருஷத்தில் பரோடா நகரத்தில் இம்முன்பண மீட்டர்களுக்குப் பலத்த எதிர்ப்புக் கிளம்பியதும், பழைய மீட்டரைப் பக்கத்தில் வைத்து ஒத்துப்பார்க்க அதிகாரிகள் இசைந்ததும் நமக்குப் பாடமாகும். தமிழ்நாட்டிலும் மீட்டர் கொள்முதலுக்கான டெண்டர், கேட்கப்பட்ட விலை அதிகமென்ற காரணத்தினால் 2024ஆம் வருஷம் டிசம்பரில் ரத்தாயிற்று. அவகாசம் கிடைத்த வேளையிலேயே நிபந்தனைகளைப் பேசி முடித்துக்கொள்வது விவேகம்.

அந்நிபந்தனைகளுக்கு மாதிரி தேடி வெகுதூரம் போகவேண்டுவதில்லை. நம் கிராமச் சாவடியிலேயே இருக்கின்றது. எந்த சர்வே நம்பரில் யார் என்ன பயிரிட்டார், நீர்ப்பாசனம் எதிலிருந்து என்பதெல்லாம் பசலிதோறும் அடங்கலில் எழுதப்படுகின்றன. மின்சாரக் கணக்கு சொல்லக்கூடியதில் பாதியை அடங்கல் வெகுகாலமாகச் சொல்லி வருகின்றது. ஆயினும் அடங்கலைக் கண்டு எந்தக் குடியானவரும் அஞ்சுவதில்லை. ஏனெனில் எழுதுகிறவர் யாரென்று அவருக்குத் தெரியும். எழுதியது இன்னதென்று பார்க்கலாம், நகலும் பெறலாம். பிழையிருந்தால் ஜமாபந்தியில் எழுந்து ஆட்சேபிக்கலாம். திருத்தவேண்டிய பொறுப்பு எந்த அதிகாரியுடையது என்பதும் தெரியும். அடங்கலுக்குள்ள இம்முறை மீட்டருக்கும் வேண்டும் என்பதே நாம் சொல்ல வந்தது.

முதலாவது, கணக்கு பில்லுக்கும் மின்விநியோக ஒழுங்குக்கும் மாத்திரமே பயன்படவேண்டும். வேறு இலாகாவுக்கோ, வியாபாரிக்கோ, கடன் கொடுப்பவருக்கோ, சட்டத்தின் ஆணையோ உரியவரின் எழுத்து மூலமான சம்மதமோ இன்றித் தரலாகாது. பில்லுக்கு மாத மொத்தமே போதுமாயின், கால்மணிக் கணக்கை நீண்டகாலம் வைத்திருக்கவும் அவசியமில்லை.

இரண்டாவது, கணக்கு உரியவர் கண்ணுக்குத் தெரியவேண்டும். ஸ்மார்ட் மீட்டரைத் தினம் ஒருமுறையேனும் தூரத்திலிருந்து வாசித்து, விவரத்தை உபயோகிப்பவருக்குத் தெரிவிக்கவேண்டும் என்று 2023ஆம் வருஷத்து விதித் திருத்தம் கூறுகின்றது. கைபேசி பழகாத முதியோர்க்காக அதை ஊராட்சிக் காரியாலயத்தில் தமிழில் அச்சிட்டுத் தரும் ஏற்பாடும் வேண்டும்.

மூன்றாவது, ஆட்சேபத்துக்கு வழி வேண்டும். மீட்டர் அதிகம் காட்டுகின்றதென்று முறையிட்டால், ஐந்து நாளுக்குள் வேறொரு மீட்டரைச் சேர்த்து வைத்து, குறைந்தது மூன்று மாதம் ஒத்துப்பார்க்கவேண்டும் என்று 2024ஆம் வருஷத்து விதித் திருத்தம் சொல்லுகின்றது. இவ்வுரிமை இருப்பதை அநேகர் அறியார்.

நான்காவது, எழுத்து மூலமான நோட்டீஸ் இன்றி விசை விழலாகாது. முன்பண முறை வேண்டுபவர் ஏற்கலாம். வேண்டாதவர் பழையபடி பில் கண்டு பணம் கட்டும் உரிமை நிலைக்கவேண்டும்.

ஐந்தாவது, கிணற்று மோட்டார்களைப் பற்றியது. இலவசமாய்த் தரும் மின்சாரத்துக்குச் சர்க்கார் ஈடு செலுத்தவேண்டியிருப்பதால் மொத்த அளவு தெரியவேண்டும் என்பது நியாயமே. அதற்கு டிரான்ஸ்பார்மரில் ஒரு மீட்டர் போதும். ஓர் ஏரியிலிருந்து போகும் நீரை அறிய மதகில் அளந்தால் போதுமேயன்றி, ஒவ்வொரு வரப்பிலும் ஆள் நிறுத்தவேண்டுவதில்லை. இவ்வேற்பாட்டினால் திருட்டும் நஷ்டமும் வெளிப்படும். குடியானவர்மீது வீண் பழியும் நீங்கும். தனிமனிதனின் தோட்டமோ வேவுக்கு உள்ளாகாது.

கிராம நிர்வாக அலுவலர்களுக்கும் ஊராட்சித் தலைவர்களுக்கும் ஒரு வார்த்தை. விவசாய மின் இணைப்புக்கு நிலமும் கிணறும் இன்னாருடையவை என்று சான்று வழங்குபவர் கிராம நிர்வாக அலுவலரே. ஆதலால் மீட்டரைப் பற்றிய சந்தேகங்களும் முதலில் அவரிடமே வரும். மீட்டர் வந்தால் இலவசம் போயிற்று என்று கிளம்பும் வதந்தியை அப்படியே நம்பவும் வேண்டாம், கேட்பவரை அதட்டி அனுப்பவும் வேண்டாம். மேற்சொன்ன விதிகளை வாங்கி வைத்து, கேட்பவருக்கு வாசித்துக் காட்டுதல் நலம். கிராம சபை கூடும்போது இந்த ஐந்து நிபந்தனைகளையும் தீர்மானமாக நிறைவேற்றி மேலிடத்துக்கு அனுப்பலாம்.

குடியானவர்களும் மீட்டரை உடைப்பது, ஊழியரை விரட்டுவது போன்ற காரியங்களில் இறங்கலாகாது. அவை சட்டத்தின் பலத்தை எதிர்த்தரப்புக்குக் கொடுத்துவிடும். எழுத்து மூலம் கேளுங்கள், பதிலையும் எழுத்து மூலம் பெறுங்கள். மரக்காலில் முத்திரை இருக்கின்றதா என்று பார்த்து நெல் அளக்கும் வழக்கம் நம்முடையது. அந்தக் கவனம் மின்சாரத்துக்கும் வேண்டும். அளவு சரியாய், கணக்கு வெளிப்படையாய், மடைக்கு உரியவன் ஊருக்கு உத்தரவாதியாய் இருக்குமிடத்தில், எந்தக் கருவி வந்தாலும் குடியானவர் அஞ்சவேண்டுவதில்லை.