பாட்டுக்கு உடையவர் யார்?

ஓர் இசைக்குழு பத்தாண்டுகள் பாடுபடுகிறது. கல்யாண மண்டபங்களிலும் கோயில் திருவிழாக்களிலும் கல்லூரி மேடைகளிலும் வாசித்து, சொந்தப் பாட்டுகள் சிலவற்றை மக்கள் வாயில் ஏற்றி, பெயரும் பெற்றுவிடுகிறது. அந்த நிலையில்தான் அதற்குச் சோதனை தொடங்குகிறது. இசை நிறுவனம் ஒன்று ஒப்பந்தத்தாளுடன் வந்து, “கையொப்பமிடுங்கள், உலகமே உங்கள் பாட்டைக் கேட்கும்” என்கிறது. நலம் விரும்பிகள் சிலரோ, “வேண்டா, யாருக்கும் கட்டுப்படாமல் தனித்து நில்லுங்கள்” என்கின்றனர். கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் கித்தார் ஏந்தி நிற்கும் நம் இளைஞர் இவ்விரு குரல்களுக்கும் இடையே தடுமாறுகின்றனர்.

இரண்டு அறிவுரைகளும் பாதி உண்மைகளே என்பது என் வாதம். நிறுவனத்தோடு சேர்வதா, சேராதிருப்பதா என்பது இரண்டாவது கேள்வி. பதிவான பாட்டுக்கு உடையவர் யார், அதன் வரவு செலவுக் கணக்கைக் காணும் உரிமை யாருக்கு உண்டு என்பதே முதற்கேள்வி. முதற்கேள்வியைக் கேளாமல் இரண்டாவதற்கு விடை கூறுவோர் எந்தப் பக்கம் நின்று பேசினாலும் இளைஞரைப் பள்ளத்தில்தான் தள்ளுகின்றனர்.

‘தமிழாசிரியர்க்கும் ராக் இசைக்கும் என்ன உறவு?’ என்று சிலர் வினவலாம். நெருங்கிய உறவு உண்டு. எதுகையும் மோனையும் நம் வகுப்பறைகளில் கற்ற பிள்ளைகளே இன்று பாட்டெழுதுகின்றனர். திரைப்படத்திற்கு வெளியே, இந்த மண்ணின் வாழ்க்கையை, இந்த மண்ணின் பேச்சில், தமிழில் பாடுகிறவர்களும் அவர்களே. அவர்கள் மனம் ஒடிந்து வாய் மூடினால் இழப்பு நம் மொழிக்கு.

நிறுவனம் என்ன தந்தது?

நடுநிலையோடு தொடங்குவோம். இசை நிறுவனங்கள் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது நன்றி கொன்ற பேச்சு. பினாங்கில் பிறந்த டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்னும் தமிழ் உடன்பிறப்புகளின் ‘அல்லிகேட்ஸ்’ குழு, ஹாங்காங் மேடைகளில் வாசித்துப் பழகி, 1970களின் இறுதியில் பாலிகிராம் நிறுவனத்தின் வழியே மலாய்ப் பாடல்களை வெளியிட்டது. 2007-இல் லோகநாதன் மறைந்தபோது இனம் பாராமல் இந்த நாடு வருந்தியது. அன்று ஒரு நிறுவனத்தின் துணையில்லாமல் அக்குரல்கள் பெர்லிஸ் முதல் ஜொகூர் வரை சென்றிருக்க முடியாது.

ஏன்? அக்காலத்தில் ஒலிப்பதிவுக் கூடம் கட்டப் பெரும்பணம் வேண்டும். இசைத்தட்டு அச்சிட ஆலை வேண்டும். ஒலிநாடாக்களைப் பிரிக்பீல்ட்ஸ் கடைகளுக்கும் கிள்ளான் தெங்கு கிளானா சாலைக் கடைகளுக்கும் ஊர் ஊராகக் கொண்டு சேர்க்க ஆள்கட்டு வேண்டும். விளம்பரத்திற்கும் பொருள் வேண்டும். இந்த நான்கு சுமைகளையும் நிறுவனம் தாங்கியது. அதற்கு விலையாகப் பாட்டின் மூல ஒலிப்பதிவைத் தன் சொத்தாக எழுதி வாங்கிக்கொண்டது.

இன்று நிலை என்ன? ஒலிப்பதிவுக் கூடம் ஒரு படுக்கையறைக்குள் அடங்கிவிட்டது. இசைத்தட்டு ஆலை வேண்டியதில்லை. பாட்டை உலகெங்கும் கொண்டு செல்ல ஒரு கணினியும் இணையத் தொடர்பும் போதும். நான்கு சுமைகளுள் எஞ்சியவை விளம்பரமும் முதலீடும் மட்டுமே. வேலை பாதியாகக் குறைந்தபின் கூலியும் குறையவேண்டும் அல்லவா? ஆனால், நான்கு வேலைக்குக் கேட்ட அதே விலையை இரண்டு வேலைக்கும் கேட்கும் ஒப்பந்தங்கள் இன்றும் இளைஞர் முன் நீட்டப்படுகின்றன. ‘எக்காலத்துக்கும், எந்நாட்டுக்கும், இனிக் கண்டுபிடிக்கப்படும் எல்லாக் கருவிகளுக்கும்’ என்று உரிமையை முழுதாகக் கேட்கும் வாசகத்தை நான் எதிர்க்கிறேன். வணிகத்தை நான் எதிர்க்கவில்லை.

கங்காணியின் முன்பணம்

முன்பணம் என்னும் சொல்லை நம் முன்னோர் நன்கறிவர். கங்காணி கிராமத்துக்கு வந்து முன்பணம் கொடுத்தான். கப்பல் செலவும் சாப்பாட்டுச் செலவும் கடனாக ஏறின. கணக்குப் புத்தகம் கங்காணியிடமோ தோட்டத்து அலுவலகத்திலோ இருந்தது. தொழிலாளியிடம் பெருவிரல் ரேகை மட்டுமே இருந்தது. மலாயாவில் ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் தடைசெய்யப்பட்டது. கங்காணி வழியே ஆள் சேர்ப்பது 1938-இல் நின்றது. ஆனால், கடன் கொடுத்தவன் கையிலேயே கணக்கும் இருக்கும் அந்த முறை மட்டும் சாகவில்லை.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். ஒரு குழுவுக்கு நிறுவனம் 30,000 வெள்ளி முன்பணம் தருகிறது எனக் கொள்வோம். வருவாயில் குழுவின் பங்கு நூற்றுக்கு இருபது. பாட்டு 1,00,000 வெள்ளி ஈட்டுகிறது. குழுவின் பங்கு 20,000 வெள்ளி. அது முன்பணத்தில் கழிக்கப்படுகிறது. இப்போது நிறுவனம் போட்ட 30,000-ஐ எடுத்து, மேலும் 70,000 வெள்ளியைக் கையில் வைத்திருக்கிறது. குழுவோ இன்னும் 10,000 வெள்ளி கடன்காரர்! ஒருநாள் அக்கடனும் தீர்ந்துவிட்டால் மூல ஒலிப்பதிவு திரும்பி வருமா? வராது. கடனும் வட்டியும் கட்டி முடித்தபின் நகையைத் திருப்பித் தராத அடகுக்கடையை நாம் என்னவென்று அழைப்போம்?

இது கற்பனை அச்சம் என்று எண்ணுவோர் அண்மை நிகழ்ச்சி ஒன்றை நினைத்துப் பார்க்க. 2021 மார்ச்சில் ‘மாஜ்ஜா’ என்னும் நிறுவனத்தின் வழியே ‘என்ஜாய் எஞ்சாமி’ வெளிவந்தது. தீ, அறிவு ஆகியோர் பாட, சந்தோஷ் நாராயணன் இசை அமைத்த பாட்டு அது. சுயாதீனக் கலைஞர்க்கு வாழ்வளிப்பதே அந்நிறுவனத்தின் முழக்கம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துப் பின் தமிழகம் திரும்பிய தம் பாட்டியின் வாழ்விலிருந்து அறிவு எடுத்த கரு அது; தோட்டத்துப் பிள்ளைகளாகிய நம் நெஞ்சையும் அது தொட்டது. யூடியூபில் 40 கோடி முறைக்கும் மேல் மக்கள் அதைப் பார்த்தனர். 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன், தங்கள் மூவருக்கும் அப்பாட்டிலிருந்து வருவாய் ஏதும் வரவில்லை என்று பகிரங்கமாகக் கூறினார். நிறுவனம் அதை மறுத்துத் தன் தரப்பை வெளியிட்டது. யார் கூற்று சரி என்று தீர்ப்பளிப்பது என் வேலையன்று. உழைத்தவர்க்கு நிலம் சொந்தமாகாத கதையைப் பாடிய பாட்டே, உழைத்தவர்க்குப் பங்கு வந்ததா என்னும் பூசலில் சிக்கிய கொடுமையை மட்டும் சுட்டுகிறேன். மூன்று ஆண்டுகள் கழித்தும் ‘பணம் வந்ததா, இல்லையா’ என்று இரு தரப்பும் இரு கணக்குச் சொல்லும் நிலை எப்படி வந்தது? கணக்கைப் பார்க்கும் உரிமை தெளிவாக இருந்தால் அப்பூசலுக்கு இடமேது?

இசைஞானியார்க்கே இத்தொல்லை நேர்ந்தது. எக்கோ நிறுவனத்தோடும், மலேசியாவைச் சேர்ந்த அகி மியூசிக் நிறுவனத்தோடும் இளையராஜா நடத்திய வழக்கில், 2019-இல் சென்னை உயர்நீதிமன்றம் அவருடைய தார்மீக உரிமையை ஏற்றுக்கொண்டது. ஒலிப்பதிவின் உரிமையை அதனின்று வேறாகவே வைத்தது. இசையைப் படைத்தல் ஒன்று. ஒலிப்பதிவுக்கு உடைமை வேறொன்று. ஆயிரம் படங்கள் கண்டவர்க்கே இந்த வேறுபாடு நீதிமன்றம் வரை சென்றுதான் தெளிய வேண்டியிருந்தது என்றால், நேற்றுக் கித்தார் பிடித்த பிள்ளைக்கு அதை யார் சொல்வது?

தனித்து நின்றவர்கள்

இனி, ‘தனித்து நில்’ என்போரின் வாதத்தைப் பார்ப்போம். அவர்கள் முதலில் நீட்டும் சான்று இங்கிலாந்தின் ‘ரேடியோஹெட்’ குழு. ஈ.எம்.ஐ. நிறுவனத்தோடு இருந்த ஒப்பந்தம் முடிந்தபின், 2007 அக்டோபர் 10-ஆம் நாள், ‘இன் ரெயின்போஸ்’ என்னும் தொகுப்பை அக்குழு தன் இணையப் பக்கத்திலேயே வெளியிட்டது. விலையைக் கேட்பவரே முடிவு செய்யலாம் என்றது. பிரிக்பீல்ட்ஸ்வாசிகளுக்கு இது புதுமையன்று. ‘வேண்டியதை உண்ணுங்கள், மனம்போல் கொடுங்கள்’ என்னும் கொள்கையால் பெயர் பெற்ற அன்னலட்சுமி உணவகத்தை அவர்கள் அறிவர்.

ஆனால், இந்தக் கதையின் மறுபாதியை யாரும் சொல்வதில்லை. அதற்கு முன் வெளிவந்த ஆறு தொகுப்புகளை உலகறியச் செய்தது அந்த ஈ.எம்.ஐ.தான். தனித்து வெளியிட்ட தொகுப்பையும் பின்னர் வேறொரு நிறுவனத்தின் வழியே குறுந்தட்டாகக் கடைகளுக்கு அனுப்பினர். வேறுபாடு ஒன்றே: இம்முறை பாட்டை விற்கவில்லை, உரிமம் மட்டுமே வழங்கினர். நிலம் தம்முடையது, குத்தகை மட்டும் பிறர்க்கு. நான் கூறவந்த பாடமும் இதுவே.

இந்தியாவிலும் சான்று உண்டு. 1990-இல் தில்லியில் உருவான ‘இந்தியன் ஓஷன்’ ராக் குழு, ‘கந்தீசா’ முதலிய தொகுப்புகளை நிறுவனங்களின் வழியே வெளியிட்டுப் பெரும்புகழ் பெற்றது. 2010-இல் அது வேறு வழி கண்டது. தாங்கள் ஒத்திகை பார்த்துவந்த பழைய வீட்டின் முகவரியையே தலைப்பாகச் சூட்டிய ‘16/330 கஜூர் ரோடு’ தொகுப்பின் ஏழு பாட்டுகளை, மாதம் ஒன்றாக, இணையத்தில் இலவசமாகவே வழங்கியது. இருபதாண்டுகளாகத் திரட்டிய மக்கள் நுழைவுச்சீட்டு வாங்கி நிகழ்ச்சிக்கு வருவர் என்ற துணிவு அதற்கு இருந்தது.

நம் ஊரில் யோகி பி-யைக் காட்டலாம். ‘போயட்டிக் அம்மோ’ குழுவில் பெயர் பெற்று, 2006-இல் ‘நட்சத்திரா’ தோழர்களோடு ‘வல்லவன்’ தொகுப்பைத் தந்தார். தமிழ் ராப் இசையைத் தமிழகம் கவனிக்கும் முன்பே கோலாலம்பூர் செய்து காட்டியது. பின்னர்ச் சென்னையே அவரை அழைத்தது. 2007-இல் ‘பொல்லாதவன்’, 2017-இல் ‘விவேகம்’ எனத் திரைப்படங்களில் அவர் குரல் ஒலித்தது. பெயரை இங்கே ஈட்டியபின் அங்கே சென்றதனால், வாய்ப்புக் கேட்கும் நிலை மாறி, அழைக்கப்படும் நிலை வந்தது.

கொடாத கை

மேற்கண்ட சான்றுகள் அனைத்திலும் பொதுவாக இருப்பது எது? பணம் கொடுக்க முன்வந்த மக்கள். தனித்து நில் என்று இளைஞர்க்கு உபதேசிக்கும் நம் சமூகம் அந்த மக்களாக நடந்துகொள்கிறதா? சென்னையிலிருந்து ஒரு பின்னணிப் பாடகரை அழைத்தால் விமானச்சீட்டு, நட்சத்திர விடுதி, முன்கூட்டியே தொகை. அதே விழாவில் முன்னிரவு வாசிக்கும் உள்ளூர்க் குழுவுக்குப் பொன்னாடை, ஒரு நினைவுப் பரிசு, “நல்ல வாய்ப்புத் தந்திருக்கிறோம், தம்பி” என்னும் அன்புரை. ஒலிபெருக்கி வாடகைக்குக் காசு உண்டு. பந்தற்காரருக்குக் காசு உண்டு. பாடியவனுக்கு மட்டும் வாழ்த்து. இவ்வாறு நடத்தும் விழாக் குழுக்களே அக்குழுவை எந்தத் தாளிலும் கையொப்பமிடத் துரத்துகின்றன. பசித்தவனிடம் சுதந்திரம் பேசுவது எளிது.

‘கலையை விலை பேசலாமா?’ என்று கேட்கும் பெரியோர்க்குச் சங்க இலக்கியமே விடை தரும். அதியமான் தம்மை நேரிற் காணாமலே அனுப்பிய பரிசிலைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்ததைப் புறநானூறு பதிவு செய்துள்ளது. தகுதியறிந்து தினையளவு தந்தாலும் அதுவே தமக்கு இனிது என்றார் அப்புலவர். அவர் பரிசிலை இழிவாகக் கருதவில்லை. மதிப்பறியாத கொடையை மறுத்தார். வள்ளுவரும் பொருள் செயல்வகைக்கென ஓர் அதிகாரத்தையே வகுத்தார். ஆகவே, கூலி கேட்கும் கலைஞனைப் பேராசைக்காரன் என்று பழிப்பது தமிழ் மரபுக்கு இயைந்த பேச்சன்று.

ஆசிரியர் செய்யத்தக்கன

நம் நாட்டின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் அரிய பாதுகாப்புகளைத் தந்துள்ளது. பாட்டை எழுதியவரின் உரிமை அவர் ஆயுள் முழுதும், அதன்பின் 50 ஆண்டுகளும் நிலைக்கும். உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில் இருந்தால்தான் செல்லும்; வாய்ச்சொல்லால் எவரும் பாட்டைப் பறிக்கவியலாது. ஆனால், அதே சட்டத்தில் ஒரு கண்ணியும் உண்டு. மாற்று உடன்பாடு இல்லாவிடில், பிறர் கேட்டுக்கொண்டதற்காகப் படைத்த ஆக்கம் கேட்டவருக்கே உரியதாகக் கருதப்படும். விழாப் பாட்டும் விளம்பரப் பாட்டும் எழுதும் இளைஞருள் எத்தனை பேர் இதனை அறிவர்? 2012 முதல் தம் ஆக்கத்தை அறிவுசார் சொத்துக் கழகத்தில் தாமாகவே அறிவித்து வைக்கலாம். பாடலாசிரியர், இசையமைப்பாளர் உரிமைத்தொகையைத் திரட்ட எம்.ஏ.சி.பி. என்னும் அமைப்பு 1989-இல் தோன்றியது. இவை தெரிந்தவர் சிலர். பயன்படுத்துவோர் அதனினும் சிலர்.

விண்ணப்பக் கடிதம் எழுத நாம் கற்பிக்கிறோம். உறவுக் கடிதம் எழுதக் கற்பிக்கிறோம். ஓர் ஒப்பந்தத்தை வரிவரியாகப் படித்துப் பொருள் கொள்ளக் கற்பிப்பது மொழிப்பாடம் ஆகாதா? உரைநடைப் பகுதிக்கு வினா எழுப்பும் பயிற்சி போதும். ஒரு மாதிரி ஒப்பந்தத்தை உயர்நிலை மாணவர் முன் வைத்து, ‘விற்பனை எங்கே, உரிமம் எங்கே, காலவரை எங்கே, கணக்கு காட்டும் நாள் எங்கே?’ என்று கேட்கலாம்.

பெயர் பெற்ற குழுக்களுக்கு நான் கூறுவது சுருக்கமானது. நிறுவனத்தோடு சேருங்கள், அல்லது தனித்து நில்லுங்கள். உங்கள் கணக்கும் துணிவும் வழிகாட்டட்டும். எவ்வழியாயினும் மூல ஒலிப்பதிவை விற்காதீர்கள். ஐந்தாண்டோ ஏழாண்டோ குத்தகைக்கு மட்டும் விடுங்கள். ஆண்டுக்கு இருமுறை கணக்கைக் காணும் உரிமையை எழுத்தில் பெறுங்கள். பாட்டெழுதியவர் பெயரும் வாசித்தவர் பெயரும் பாட்டோடு எங்கும் செல்லவேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள். குழுவுக்குள்ளும் யாருக்கு எவ்வளவு என்று முதலிலேயே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். நட்பு கெடுவது பெரும்பாலும் அங்கேதான். நிறுவனம் இவற்றுக்கு இசையாவிடில் எழுந்து வந்துவிடுங்கள்.

எழுந்து வந்தவனுக்கு உட்கார ஓரிடம் வேண்டுமே? அதை அமைக்கும் கடமை விழாக் குழுக்களுக்கும் பள்ளி வாரியங்களுக்கும் சங்கங்களுக்கும் உண்டு. அடுத்த விழாவின் செலவுப் பட்டியலைத் தயாரிக்கும்போது, பந்தலுக்கும் பொன்னாடைக்கும் முன்னால், உள்ளூர் இசைக்குழுவின் ஊதியத்தை முதல் வரியாக எழுதுக.