பாதிக்கு வினிகர், பாதிக்குக் கணக்கு

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் தலைமை இயக்குநர் அவர்களுக்கு,

பஞ்சை வினிகரில் நனைத்துக் கர்ப்பப்பை வாயில் ஒற்றி, ஒரு நிமிடம் பொறுத்துப் பார்க்க வேண்டும். நல்ல இடம் இளஞ்சிவப்பாகவே இருக்கும். கோளாறு உள்ள இடம் வெளுத்துக் காட்டும். நான்கைந்து சதவீத அசிட்டிக் அமிலம், பஞ்சு, நல்ல வெளிச்சம், பயிற்சி பெற்ற ஒரு நர்ஸ். மைக்ராஸ்கோப் வேண்டாம், ரிசல்ட் வாங்க இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை பஸ் ஏறி வரவும் வேண்டாம். முற்றாத கோளாறு என்றால் அந்த இடத்தை உறையவைத்து அழித்துவிடலாம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைக் கண்டறிய, கையில் காசில்லாத ஊர்களுக்கென்றே அமைந்த பரிசோதனை இது.

இது நிஜமாகவே உயிரைக் காக்கிறதா என்று பார்க்க, 2000-ஆம் ஆண்டில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் ஆய்வு தொடங்கியது. ஒட்டன்சத்திரம் பக்கம் அம்பிளிக்கையில் உள்ள சமுதாய நல மையமும் பிரான்ஸில் இயங்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையும் அதில் இருந்தன. 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களை எடுத்துக்கொண்டார்கள். 114 தொகுதிகளைக் குலுக்கிப் போட்டார்கள். 57 தொகுதிகளுக்கு வினிகர்ப் பரிசோதனை கிடைத்தது. மீதி 57-க்கு அங்கே ஏற்கெனவே இருந்த வைத்திய வசதிதான். ஆனால் அந்த ஊர்களிலும் கணக்கெடுப்பு நடந்தது: யாருக்குப் புற்று வந்தது, யார் செத்துப்போனார்கள் என்று.

2007-ல் 'லான்செட்' இதழில் முடிவு வந்தது. பரிசோதனை ஒதுக்கப்பட்ட 49,311 பெண்களில் 83 பேர் இந்த நோயால் இறந்திருந்தார்கள். ஒதுக்கப்படாத 30,958 பேரில் 92 பேர். ஆள் குறைந்த பக்கம் சாவு கூடுதல். சாவு விகிதம் 35 சதவீதம் குறைகிறது என்ற கண்டுபிடிப்பு இந்த இரண்டு பக்கங்களையும் ஒப்பிட்டதால் கிடைத்தது. அதாவது, 92 இல்லாமல் 83-க்கு அர்த்தமில்லை.

இதே காலத்தில் மகாராஷ்டிரத்தில் இரண்டு ஆய்வுகள். மும்பைக் குடிசைப் பகுதிகளில் டாட்டா நினைவு மையம் 1998-ல் தொடங்கியது ஒன்று. பரிசோதனை இல்லாத பக்கத்தில் 98 பேர் இறந்தார்கள். உஸ்மானாபாத் மாவட்டத்தில் 497 கிராமங்களில் நடந்தது இன்னொன்று. அங்கே 64 பேர். மூன்றையும் கூட்டினால் பரிசோதனை பெறாத பெண்கள் 1,38,624. அவர்களில் இந்நோயால் இறந்தவர்கள் 254.

இந்தக் கூட்டலைப் போட்டுக் கேள்வி எழுப்பியவர் எரிக் சூபா என்ற அமெரிக்க நோயியல் மருத்துவர். கர்ப்பப்பை வாய்ச் செல்களை மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் பாப் ஸ்மியர் பரிசோதனையை வியட்நாமில் கொண்டுவந்த முயற்சியில் பங்கெடுத்தவர் என்பதால் ஏழை நாட்டு நிலவரம் தெரியாதவர் அல்லர். மும்பை ஆய்வுக்குப் பணம் தந்தது அமெரிக்க அரசின் தேசியப் புற்றுநோய் நிறுவனம். மற்ற இரண்டுக்கும் கேட்ஸ் அறக்கட்டளை. பாப் ஸ்மியர் பல பத்தாண்டுகளாக வழக்கத்தில் உள்ள அமெரிக்காவில், ஒரு பாதிப் பெண்களுக்கு எந்தப் பரிசோதனையும் தராமல் சாவை எண்ணும் ஆய்வுக்கு அனுமதி கிடைக்குமா என்பது அவர் கேள்வி. அவர் புகாரை விசாரித்த அமெரிக்க மனித ஆய்வுப் பாதுகாப்பு அலுவலகம், மும்பைப் பெண்களிடம் ஒப்புதல் வாங்கியபோது தந்த விவரம் போதாது என்று 2012-ல் கண்டது.

ஆய்வாளர்கள் பக்கமும் நியாயம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. இந்தியாவில் அன்று வெகுமக்களுக்கான பரிசோதனைத் திட்டமே கிடையாது. 'ஒன்றுமில்லை' என்பதுதான் நடைமுறை. ஆகவே அந்தப் பெண்களிடமிருந்து எதையும் பிடுங்கவில்லை என்றார்கள். தவிர, முடிவு வீண்போகவும் இல்லை. தமிழ்நாடு அரசு தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் முன்னோட்டம் பார்த்து, பிறகு மாநிலம் முழுவதும் அரசு மருத்துவமனைகளில் இந்தப் பரிசோதனையைக் கொண்டுவந்தது. இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு பெண்ணுக்கு அது காசில்லாமல் கிடைக்கிறது என்றால் அதில் அந்த ஆய்வுகளுக்கும் பங்குண்டு.

ஆனாலும் அந்த வாதத்தில் ஒரு நெருடல். 'ஒன்றுமில்லை' என்பது வானத்திலிருந்து விழுந்த விதி போலப் பேசப்படுகிறது. இத்தனை ஆயிரம் பெண்களைத் தேடிப் போய்ப் பெயர் எழுதி, ஆண்டுக்கணக்கில் அவர்கள் வாழ்வையும் சாவையும் குறித்து வைக்க ஆளும் பணமும் இருந்த இடத்தில், பஞ்சுக்கும் வினிகருக்கும் வழியில்லை என்று எப்படிச் சொல்வது?

பரிசோதனை பெறாத இந்தப் பெண்களைத் தமிழில் 'கட்டுப்பாட்டுக் குழு' என்று எழுதுகிறோம். எதன் மீதும் கட்டுப்பாடு இல்லாதவர்களுக்கு வாய்த்த பெயரைப் பாருங்கள். மனிதர்களை வைத்து நடக்கும் மருத்துவ ஆய்வுகளுக்கான நெறிகளைச் சொல்லும் ஹெல்சிங்கி பிரகடனம் 2024-ல் திருத்தப்பட்டபோது, ஆய்வுக்கு உட்படுபவர் என்ற பொருள்தரும் சொல்லை எடுத்துவிட்டு 'பங்கேற்பாளர்' என்று மாற்றினார்கள். நல்ல மாற்றம். பங்கேற்பவருக்கு எதில் பங்கேற்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கிராமத்தில் ஒப்புதல் வாங்குவது எப்படி நடக்கும் என்று களப்பணி பார்த்தவர்களுக்குத் தெரியும். திண்ணையில் நாலைந்து பக்கத் தாளை விரித்து, "பயப்படாதீங்கம்மா, சும்மா விவரம் எழுதிக்கிறதுக்குத்தான், இங்க ஒரு கையெழுத்து" என்பார்கள். கையெழுத்து வராதவர் பெருவிரலை மையில் வைப்பார். தாளில் இருப்பது 'தகவலறிந்த ஒப்புதல்'. அம்மாவுக்குப் புரிந்தது, ஆஸ்பத்திரிக்காரர்கள் வந்தார்கள், நல்லதுக்குத்தான் இருக்கும் என்பது.

தங்கள் கவுன்சிலின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகளில் பங்கேற்பாளருக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும் என்று இருக்கிறது. நெறிமுறைக் குழுவில் மருத்துவம் சாராத சாதாரண ஆள் ஒருவர் இருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. விதி இருக்கிறது, அதில் இரண்டு வரி சேர்க்கச் சொல்லித்தான் இந்த மடல்.

ஊர் ஊராகக் குலுக்கிப் போடும் ஆய்வு எதுவானாலும், பரிசோதனையோ சிகிச்சையோ கிடைக்காத ஊர்க்காரர் கையில் தரும் தாளின் முதல் வரியில், பக்கத்து ஊருக்கு என்ன தரப்படுகிறது, உங்களுக்கு அது ஏன் இல்லை, வெளியே எங்கே போனால் கிடைக்கும் என்று இருக்கட்டும். குழுவின் அந்தச் சாதாரண உறுப்பினர் அதை வாய்விட்டுப் படித்து, தனக்குப் புரிகிறது என்று ஒப்பமிட்ட பிறகே அனுமதி தரலாம். அடுத்தது பணம். பலன் உறுதியானதும் அது கிடைக்காதவர்களுக்கு அதே சிகிச்சை போய்ச் சேர எவ்வளவு செலவாகும், எந்த மாதத்துக்குள் போய்ச் சேரும் என்பது ஆய்வு பட்ஜெட்டிலேயே இருக்க வேண்டும். அது இல்லாத பட்ஜெட்டைத் திருப்பி அனுப்புங்கள்.

2000-ல் 30 வயதாக இருந்தவர்கள் இப்போது ஐம்பத்தைந்தைத் தாண்டியிருப்பார்கள். கூலி வேலைக்குப் போகிறவர்களாக, பேரப்பிள்ளைகளை அங்கன்வாடியில் விட்டுவிட்டு வருகிறவர்களாக பரிசோதனை கிடைக்காத அந்த 57 தொகுதிகளிலும் இருப்பார்கள். தமிழ்நாட்டில் மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் கிராம சபை கூடுகிறது. அடுத்த கூட்டத்துக்கு அம்பிளிக்கை வட்டாரத்துக்குத் தங்கள் கவுன்சிலிலிருந்து ஒருவரை அனுப்பி, 92 என்ற எண் எந்த ஊர்களிலிருந்து வந்தது, அதனால் நாட்டுக்கு என்ன தெரியவந்தது என்று அவர்களிடம் தமிழில் சொல்ல வைக்க முடியுமா?