சத்தம் போட்டால்தான் வேகமா?



போன ஞாயிற்றுக்கிழமை இங்கே ஃபார்முலா ஈ மின்கார் பந்தயக் காணொளி ஒன்றைப் பகிர்ந்திருந்தேன். தங்கை பேரன், "மிக்ஸி ஓடுற மாதிரி இருக்கு தாத்தா" என்று எழுதினான். ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் பழைய மாணவர், "சத்தம் இல்லேன்னா அது என்ன சார் ரேஸு?" என்று கேட்டார். அதற்கு 73 பேர் சிரிப்புப் பொம்மை போட்டிருக்கிறீர்கள். எல்லோருக்கும் சேர்த்துப் பதில் சொல்கிறேன். பெல் அடிக்கும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

சத்தத்தின் ருசி எனக்கும் தெரியும். கல்லூரி நாட்களில் சோழவரம் பந்தயம் பார்த்துவிட்டு இரண்டு நாள் காது அடைத்துத் திரிந்தவன் நான். ஆனால் சத்தம் வேகத்தின் அளவுகோல் அல்ல. மணிக்கு 100 கிலோமீட்டரை முதலில் தாண்டிய கார், 1899இல் கமீல் ஜெனாட்ஸி என்ற பெல்ஜியக்காரர் ஓட்டிய பேட்டரி வண்டி. அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலைப்பந்தயத்தில் 156 வளைவுகளையும் 8 நிமிடத்துக்குள் ஏறி முடித்த முதல் வண்டியும், 2018இல் ஓடிய ஃபோக்ஸ்வாகன் மின்வண்டிதான். அந்த உச்சி 4,300 மீட்டர் உயரம். மேலே போகப் போகக் காற்று மெலிந்து எஞ்சினுக்கு மூச்சு வாங்கும். மோட்டாருக்கு மூச்சே வேண்டாம்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். மொனாக்கோவில் ஃபார்முலா ஒன்னும் ஃபார்முலா ஈயும் ஒரே தடத்தில் ஓடுகின்றன. அங்கே ஒரு சுற்றை முடிப்பதில் மின்வண்டி பல விநாடிகள் பின்தங்குகிறது. 2014இல் பெய்ஜிங்கில் முதல் பந்தயம் நடந்தபோது பேட்டரி பாதியில் தீரும் என்பதால் ஓட்டுநர்கள் நடுவில் வேறு வண்டிக்கு மாறினார்கள். அன்று நானும் சிரித்தேன். நான்கே ஆண்டில், 2018இல் தொடங்கிய பருவத்தில், ஒரே வண்டி முழுப் பந்தயமும் ஓடியது. அதோடு என் சிரிப்பு நின்றது.

எனக்கு அந்தப் பந்தயம் பிடிக்கக் காரணம் வேறு. முழு வேகத்திலேயே கடைசிவரை ஓட்டினால் போதாத அளவுக்குத்தான் மின்சாரம் தருகிறார்கள். எங்கே காலை எடுப்பது, எங்கே அழுத்துவது என்ற கணக்குதான் பந்தயம். எதிர்க்காற்றில் சைக்கிள் மிதிக்கும்போது முன்னே போகிறவர் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொள்வீர்களே, அதேபோல முன்வண்டியின் பின்னால் ஒண்டிச் சேமித்து, கடைசிச் சில சுற்றுகளில் பாய்கிறார்கள். மூன்றாம் தலைமுறை வண்டிகளில் பந்தயத்துக்குச் செலவாகும் ஆற்றலில் ஏறத்தாழ 40 சதவீதம் பிரேக் பிடிக்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராகித் திரும்பப் பிடிப்பது. ஆற்றல் அழிவின்மை விதியை இரண்டு மதிப்பெண்ணுக்கு மனப்பாடம் செய்தீர்கள். அங்கே அதைவைத்துத்தான் கோப்பை வாங்குகிறார்கள்.

கணக்குத் தப்பினால் என்ன ஆகும் என்பதை 2021இல் வாலென்சியாவில் பார்த்தோம். பாதுகாப்பு வண்டி வந்தபோதெல்லாம் விதிப்படி மின்சார அளவைக் குறைத்தார்கள். எதிர்பாராமல் ஒரு சுற்று கூடுதலாக ஓட வேண்டிவர, பல வண்டிகள் வழியிலேயே தவழ்ந்தன. உலகமே கேலி செய்தது. பரீட்சையில் நேரத்தைக் கணக்குப் பண்ணாமல் கடைசிக் கேள்வியை விட்டுவந்தவர்கள் மட்டும் அன்று சிரித்திருக்கக் கூடாது!

இதை இவ்வளவு அழுத்தி எழுத ஒரு காரணம் உண்டு. பிரேக்கில் மின்சாரம் திரும்புவதை எனக்குப் புரியவைத்தவன், மோட்டார் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்யும் என் பழைய மாணவன். வகுப்பில் வாயே திறக்க மாட்டான். "பேசாதவன் எங்கேடா பிழைக்கப்போறே" என்று நாற்பது பிள்ளைகள் முன்னால் சொன்னவன் நான். கையைத் தூக்கிச் சத்தமாகப் பதில் சொன்னவர்களைத்தான் கெட்டிக்காரர்கள் என்று நினைத்தேன். அவன் அதை மறந்துவிட்டதாகச் சொல்கிறான். எனக்கு மறக்கவில்லை.

ஆகவே மிக்ஸி என்று சொல்லுமுன் ஒரு பந்தயத்தை முழுதாகப் பாருங்கள். பிறகும் பிடிக்கவில்லை என்றால் காரணத்தோடு எழுதுங்கள். சிரிப்புப் பொம்மைக்கு மதிப்பெண் கிடையாது.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் வாத்தியார்