யார் பாண்டியன்?

தென் மாவட்டங்களில் பஸ்ஸில் போகிறவர்களுக்குச் சுவர்களே பாடப் புத்தகம். கல்யாணத்துக்கு ஒட்டினாலும் சரி, கருமாதிக்கு ஒட்டினாலும் சரி, கோயில் கொடைக்கு ஒட்டினாலும் சரி, எத்தனையோ போஸ்டர்களின் மூலையில் 'ஆண்ட பரம்பரை' என்ற இரண்டு வார்த்தைகள் இருக்கும். பக்கத்திலே ஒரு மீன் அல்லது ஒரு வாள். அடுத்த தெருவுக்குப் போனால் இன்னொரு ஜாதியின் போஸ்டர். அங்கேயும் அதே மீன், அதே வாள், அதே பரம்பரை. ஆண்டவர்கள் இத்தனை பேர் என்றால் ஆளப்பட்டவர்கள் எங்கே போனார்கள்? அவர்கள் வம்சம் மட்டும் பூண்டற்றுப் போய்விட்டதா?

இதைக் கேட்டால் சிலருக்குக் கோபம் வருகிறது. வரட்டும். கோபப்படுகிறவர்களைத் தாமிரபரணி கடலில் கலக்கிற கீழ்க்கரைச் சீமைக்கு அழைக்கிறேன். ஆற்றின் தென்கரையில் ஆத்தூர், அக்கரையில் கொஞ்ச தூரத்தில் கொற்கை, தெற்கே காயல்பட்டினம். பாண்டியர்களுக்கு முத்தும் பெயரும் கொடுத்த மண் இதுதான். ஆத்தூர்ச் சோமநாதர் கோயிலின் பழைய கல்வெட்டுகளில் பாண்டியரும் உண்டு, சோழரும் உண்டு. பட்டம் என்பது யாருடைய சொத்து என்று இந்தக் கற்களைக் கேட்டால் போதும்.

பத்தாம் நூற்றாண்டிலிருந்து பாருங்கள். முதல் பராந்தக சோழன் 'மதுரை கொண்ட' என்று போட்டுக்கொண்டான். பிறகு வீரபாண்டியன் 'சோழன் தலைகொண்ட' என்று போட்டுக்கொண்டான். அவன் மை காய்வதற்குள் ஆதித்த கரிகாலன் 'வீரபாண்டியன் தலைகொண்ட' என்று போட்டுக்கொண்டான். தலைகள் கைமாறின, பட்டங்களும் கைமாறின. அந்தத் தலைகளுக்காகத் தலை கொடுத்த காலாட்படைக்காரன் எவனுக்கும் எந்தக் கல்லிலும் ஒரு பட்டம் கிடையாது.

பராந்தகனிடம் தோற்ற ராஜசிம்ம பாண்டியன் முடியையும் அரச சின்னங்களையும் ஈழத்து மன்னனிடம் அடைக்கலமாக வைத்துவிட்டுப் போனான். வென்ற சோழனுக்கு நாடு கிடைத்தது, முடி கிடைக்கவில்லை. ஏறக்குறைய நூறு வருஷம் அது கடலுக்கு அப்பால் கிடந்தது. 1017-ஐ ஒட்டி ராஜேந்திர சோழன் படை அனுப்பி அதைக் கைப்பற்றினான். அப்புறம் தன் மகனையே மதுரையில் உட்கார வைத்து, 'சுந்தர சோழ பாண்டியன்' என்று பட்டம் சூட்டினான். சோழன் வீட்டுப் பிள்ளைக்குப் பாண்டியன் என்று பெயர்! பாண்டியர்களுக்கே உரிய 'சடையவர்மன்' என்ற அடைமொழி வேறு. இப்போது சொல்லுங்கள்: பாண்டியன் என்பது ரத்தமா, உத்தியோகமா? நாற்காலியில் உட்கார்ந்தவனுக்கு நாற்காலியின் பெயர் வந்தது. கலெக்டர் வேலை பார்த்தவரின் பேரன் பிறக்கும்போதே கலெக்டர் என்று யாராவது போஸ்டர் ஒட்டுவார்களா?

இன்னொரு வேடிக்கை. அதிகாரம் குறையக் குறையப் பட்டம் நீண்டுகொண்டே போகும். 1231-ல் மூன்றாம் ராஜராஜ சோழனைக் கோப்பெருஞ்சிங்கன் சேந்தமங்கலத்தில் சிறைவைத்தான். சிறைக்குள் இருந்தவரின் பட்டம் 'திரிபுவனச் சக்கரவர்த்தி' — மூன்று உலகத்துக்கும் ராஜா! சிறைவைத்தவன் சளைத்தவனா? அவனுடைய பட்டம் 'சகலபுவனச் சக்கரவர்த்தி.' மூன்று உலகத்தை ஆண்டவருக்கு ஒரு கதவைத் திறக்கும் சாவி கையில் இல்லை. போசள மன்னன் படை அனுப்பி மீட்க வேண்டியிருந்தது.

'கோனேரின்மை கொண்டான்' என்று ஒரு பட்டம் உண்டு. தனக்கு நிகரான அரசன் இல்லாதவன் என்று பொருள். சோழரும் அப்படியே ஓலை அனுப்பினார்கள், பாண்டியரும் அப்படியே அனுப்பினார்கள். சொந்தப் பெயரைக்கூடப் போடாமல் இந்தப் பட்டத்தை மட்டும் போட்ட ஆணைகள் ஏராளம். விளைவு என்ன தெரியுமா? அந்த நிகரில்லாதவன் எந்த ராஜா என்று கண்டுபிடிக்க முடியாமல் கல்வெட்டு ஆராய்ச்சியாளர்கள் இன்று திண்டாடுகிறார்கள். நிகரில்லாதவர்கள் ஒருவருக்கொருவர் அச்சாக ஒன்றுபோல ஆகிவிட்டார்கள்!

மார்க்கோ போலோ 1290-களில் இந்தக் கரைக்கு வந்தபோது ஐந்து சகோதரர்கள் இங்கே ராஜாக்களாக இருப்பதாக எழுதினான். அடுத்த தலைமுறையில் பட்டம் யாருக்கு என்று சுந்தர பாண்டியனும் வீர பாண்டியனும் அடித்துக்கொண்டார்கள். 1311-ல் மாலிக் காபூர் வந்து சேர்ந்தான். பட்டச் சண்டைக்குக் கொடுத்த விலை அது.

அதற்குப் பிறகும் பட்டம் சாகவில்லை. தென்காசிக்கு ஒதுங்கிய பாண்டியர்கள் அதை வைத்திருந்தார்கள். இந்தக் கடற்கரையிலோ பரதவர்களின் தலைவருக்குப் 'பாண்டியபதி' என்று பெயர் வழங்கியது. 1530-களில் அந்த மக்கள் கிறிஸ்தவர்களானார்கள். போர்த்துக்கீசியர் வழியாக 'தொம்' என்ற கௌரவமும் வந்து ஒட்டிக்கொண்டது. 1806-ல் தூத்துக்குடிப் பனிமய மாதாவுக்குப் பொன்தேர் செய்வித்தவரும் அந்த மரபில் வந்த தலைவர்தான். பாண்டியன் பட்டமும் லிஸ்பன் பட்டமும் ஒரே ஆளின் தோளில்! இதில் கேலிக்கு ஒன்றுமில்லை. ஒரு பட்டம் மதம் மாறியும், மொழி மாறியும், கை மாறியும் வாழ்ந்திருக்கிறது என்றால், அது எந்த ஒரு ஜாதியின் பட்டா நிலமும் அல்ல என்றுதான் அர்த்தம்.

'நீ படித்தவன், பேசிவிட்டுப் போவாய். நூற்றாண்டுக் கணக்கில் எங்களைத் தாழ்த்தி வைத்தார்கள். நாங்களும் ஆண்டவர்கள் என்று சொன்னால்தான் எங்கள் பிள்ளை நிமிர்ந்து நடப்பான்' என்று ஒருவர் சொல்லலாம். இந்தப் பேச்சை நான் அலட்சியம் செய்ய மாட்டேன். அதில் உள்ள பசி உண்மையான பசி. ஆனால் அந்தப் பசிக்கு இது சோறு அல்ல. ஆண்டவனுக்குத்தான் மதிப்பு என்று ஒப்புக்கொண்டால், ஆளப்பட்டவனுக்கு மதிப்பில்லை என்றும் ஒப்புக்கொண்டாகிவிட்டது. உங்களைத் தாழ்த்தியவனின் தராசு அதுதான். அந்தத் தராசிலேயே ஏறி நின்று எடை அதிகம் காட்டப் பார்க்கிறீர்கள். தராசை உடைப்பது அல்லவா சுயமரியாதை?

கணக்கும் இவர்களுக்கு உதவாது. பெற்றோர் இருவர், அவர்களைப் பெற்றவர்கள் நால்வர் என்று ஏறிக்கொண்டே போங்கள். எழுநூறு வருஷம் என்பது சுமார் 28 தலைமுறை. ஏட்டுக் கணக்கில் 26 கோடிக்கு மேல் முன்னோர்! ஒரே ஆள் பல வழியில் திரும்பத் திரும்ப வருவார் என்று கழித்துவிட்டாலும் மிஞ்சுகிற கூட்டத்தில் எல்லாரும் இருப்பார்கள்: ராஜாவும் இருப்பார், ராஜாவுக்குப் பல்லக்குத் தூக்கியவனும் இருப்பான். அத்தனை பேரில் ஒரே ஒருவரை மட்டும் தாத்தா என்று அழைப்பது, மற்றவர்களைப் பெற்றவர் இல்லை என்று தள்ளிவிடுகிற நன்றிகெட்டதனம்.

இதெல்லாம் வெறும் சுவர்ச் சண்டையாக இருந்தால் நான் பேனா எடுத்திருக்க மாட்டேன். 1997-ல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்ததை ஒட்டித் தென் மாவட்டங்களில் கலவரம் மூண்டது. உயிர்கள் போயின. கடைசியில் எல்லா மாவட்டங்களிலிருந்தும் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை அரசு எடுத்துவிட்டது. பாண்டியன் பெயரும் போயிற்று, கட்டபொம்மன் பெயரும் போயிற்று, வ.உ.சி. பெயரில் இருந்த மாவட்டம் தூத்துக்குடி மாவட்டமாயிற்று. ஜெயிலில் செக்கு இழுத்த மனிதரின் பெயர்கூட நம் பட்டச் சண்டையில் தப்பவில்லை.

அரசியல் சாசனத்தின் 18-ஆம் ஷரத்து, படைத்துறை, கல்வித்துறை சார்ந்தவை தவிர, அரசு எந்தப் பட்டமும் வழங்கக் கூடாது என்கிறது. 1971-ல் 26-ஆம் திருத்தம் வந்து, மிச்சமிருந்த சமஸ்தானாதிபதிகளின் அங்கீகாரத்தையும் மானியத்தையும் ரத்து செய்தது. நிஜ மகாராஜாக்களே சாதாரணப் பிரஜைகளாகிவிட்டார்கள். நாம்தான் சுவரில் மகாராஜாக்களாக இருக்கிறோம்!

இந்தக் கரைக்கு உண்மையான பரம்பரை ஒன்று உண்டு. சுமார் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன் ஒரு கிரேக்க மாலுமி எழுதிய கடற்பயண நூல், பாண்டிய நாட்டு முத்துக்குளிப்பில் தண்டனைக் கைதிகள் இறக்கப்பட்டார்கள் என்கிறது. ராஜாவின் கழுத்து முத்துக்கு அடியில் ஒரு கைதியின் மூச்சு. பின்னாளில் குளித்தவர்கள் கூலிக்குக் குளித்தார்கள்: காலில் கல், இடுப்பில் பை, மேலே கயிறு பிடிப்பவன்மேல் நம்பிக்கை. தூத்துக்குடியில் கடைசி முத்துச் சலாபம் நடந்தது 1961-ல். அந்த மூச்சை அடக்கியவர்களின் பேரன்தான் நான் என்று ஒரு போஸ்டராவது உண்டா?

ஆத்தூர்க்காரர்களுக்கு ஒரு நல்ல சேதி. 2023-ல் ஆத்தூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. யார் தலையையும் கொள்ளாமல், யார் முடியையும் பறிக்காமல், கொடிக்காலில் குனிந்து நிமிர்ந்த முதுகுகள் சம்பாதித்த பெயர் அது. ஆண்ட பரம்பரைக்காரர்கள் கோபம் தணிந்ததும் அந்த வெற்றிலையில் ஒன்றைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு யோசிக்கட்டும்: இந்த ஊரை இத்தனை நூற்றாண்டு வாழவைத்தது முடியா, முதுகா?