இலவசக் கற்றல் தளத்துக்கு யார் காசு கொடுப்பது?

யாழ்ப்பாணத் தீவகத்துப் பாடசாலைகளுக்குக் கணினி வாங்கித் தர ஆள் உண்டு. ஸ்மார்ட் வகுப்பறை அமைத்துத் தரவும் ஆள் உண்டு. சுவிஸிலும் கனடாவிலும் பிரான்ஸிலும் இயங்கும் புங்குடுதீவு, வேலணை, நயினாதீவு, நெடுந்தீவு ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் கேட்ட உதவியை மறுப்பது அரிது. நன்றியோடு நினைக்க வேண்டிய விஷயம் இது. ஆனால் அந்தக் கணினியில் பிள்ளை எதைக் கொண்டு படிக்கிறது? அந்தக் கற்றல் தளம் தீவின் நிலைமைக்குப் பொருந்துகிறதா? பொருந்தாவிட்டால் அதைத் திருத்தும் வேலைக்குக் காசு எங்கிருந்து வரும்? இப்படிக் கேட்டால் பதில் வருவதில்லை. ஆராய்ச்சி என்றதும் அது பல்கலைக்கழகத்தார் பாடு என்று விலகிவிடுகிறோம். அபிவிருத்தி என்றதும் கட்டடம்தான் கண்முன் வருகிறது. கற்றல் தளம் ஒன்றைப் பொறுத்தவரை இந்த இரண்டு சொற்களுக்கும் என்ன பொருள், அதற்கான பணம் உலகில் எப்படித் திரட்டப்படுகிறது, நமக்கு இதில் என்ன பங்கு என்பதைக் கொஞ்சம் ஆறுதலாகப் பார்ப்பது நல்லது.

நமது பிள்ளைகள் அறிந்த உதாரணத்திலிருந்து தொடங்கலாம். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளம் மூன்று மொழிகளிலும் பாடங்களைத் தருகிறது. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது டேட்டாக் கட்டணமின்றி அதைப் பார்க்க வசதி செய்யப்பட்டது. அதன் அடித்தளமாக இருக்கும் மென்பொருளின் பெயர் மூடில். உலகெங்கும் பல்கலைக்கழகங்களும் பாடசாலைகளும் பயன்படுத்துவது இதைத்தான். யாரும் பதிவிறக்கலாம், யாரும் மாற்றியமைக்கலாம், உரிமக் கட்டணம் கிடையாது. ஆகவே இது செலவில்லாத பொருள் என்ற எண்ணம் பரவிக் கிடக்கிறது.

செலவில்லாதது பிரதி எடுப்பது மட்டும்தான். ஆக்குவதற்கும் பராமரிப்பதற்கும் சம்பளம் வாங்கும் பொறியியலாளர்கள் வேண்டும். வள்ளத்தை ஒருவர் இனாமாகத் தந்தாலும் எஞ்சினைப் பார்க்கிறவருக்குக் கூலி கொடுத்தே ஆக வேண்டும்.

மூடிலைத் தொடங்கிய மார்ட்டின் டுகியாமஸ் மேற்கு அவுஸ்திரேலியாவின் பாலைநிலப் பகுதியில் வளர்ந்தவர். அவருடைய ஆரம்பப் பள்ளி வானொலி வழியாக நடந்தது. பாடப் பொதிகள் விமானத்தில் வந்து இறங்கின. ஆசிரியர் எங்கோ இருக்க, தான் தனியே இருந்து படித்த அந்தப் பிள்ளைதான் பிற்காலத்தில் பேர்த் நகரில் இருந்துகொண்டு இந்த மென்பொருளை எழுதினார். முதற்பதிப்பு 2002 ஓகஸ்டில் வந்தது. நெடுந்தீவில் படகு ஓடாத நாளில் வீட்டில் இருக்கும் பிள்ளைக்கு இந்த மென்பொருள் அந்நியமானதல்ல. அதன் பிறப்பிலேயே தூரம் என்ற பிரச்சினை இருக்கிறது.

மூடிலுக்கான காசு பல வழிகளில் வந்தது. அதை வைத்துத் தொழில் செய்யும் பங்காளி நிறுவனங்கள் வருவாயில் 10 சதவீதத்தைத் தாய் நிறுவனத்துக்குச் செலுத்தி வந்தன. 2017இல் பிரான்ஸின் லெக்லேர்க் குடும்பத்து முதலீட்டு நிறுவனம் ஒன்று 6 மில்லியன் அமெரிக்க டொலரை முதலிட்டது. நமக்கு அதிகம் உதவக்கூடிய மாதிரி மூன்றாவது வழி. 2015இல் மூடில் பயனாளர் சங்கம் என்ற ஒன்று உருவானது. மூடிலைப் பயன்படுத்தும் நிறுவனங்களும் தனியாட்களும் ஆண்டுச் சந்தா கட்டி அதில் சேர்ந்தார்கள். எந்தக் குறையைத் திருத்த வேண்டும், எந்த வசதியைச் சேர்க்க வேண்டும் என்று உறுப்பினர்களே முன்மொழிவார்கள். அது பற்றி விவாதிப்பார்கள், பிறகு வாக்களிப்பார்கள். வென்ற திட்டத்துக்குச் சேர்ந்த சந்தாப் பணம் போகும். செய்து முடித்தது மூடிலின் பொது வடிவத்திலேயே சேர்ந்துவிடும். சந்தா கட்டாதவருக்கும் கிடைக்கும்.

இந்த ஏற்பாட்டில் கவனிக்க வேண்டியது, பயன்படுத்துகிறவர் கையில் வாக்கு இருக்கிறது என்பது. கற்றல் தளங்களின் பெரும்பாலான மேம்பாடுகள் பணமுள்ள, வேகமான இணையமுள்ள நிறுவனங்களின் தேவையை ஒட்டியே நடக்கின்றன. அதில் சதி ஒன்றும் இல்லை. கேட்கிறவரின் தேவைதான் முதலில் செய்யப்படும். கேட்பதற்கு நாம் அங்கு இல்லை.

நாம் எதைக் கேட்கலாம்? நெடுந்தீவை எடுத்துக்கொள்வோம். குறிகாட்டுவானிலிருந்து படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். கடல் கொந்தளிக்கும் நாட்களில் படகு நிற்கும், ஆசிரியர் வரமாட்டார். அதிகஷ்டப் பிரதேசம் என்ற வகைப்பாட்டுக்குள் வரும் இடங்களில் ஆசிரியர் வெற்றிடம் என்பது நாம் பல்லாண்டாகச் சொல்லிக் களைத்த குறை. இப்படியான இடத்தில் ஒரு கணித ஆசிரியர் மூடிலில் வினாவிடைப் பயிற்சி ஒன்றைப் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மூடிலின் கைப்பேசிச் செயலியில், சிக்னல் உள்ள இடத்தில் பயிற்சியை இறக்கிக்கொண்டு பிறகு இணையம் இல்லாமலே அதைச் செய்ய வழியிருக்கிறது. ஆனால் அதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. அந்த வசதியை ஆசிரியர் முன்கூட்டியே திறந்துவிட்டிருக்க வேண்டும். பயிற்சிக்கு நேர வரையறை வைக்க முடியாது. முக்கியமாக, விடை சரியா பிழையா என்று அந்த இடத்திலேயே சொல்லும் முறையில் அதை நடத்த முடியாது. எல்லாவற்றையும் எழுதி முடித்து, மறுபடி இணையத்தில் இணைந்த பிறகுதான் முடிவு தெரியும். அதற்குள் வேறு கருவியில் அதே பயிற்சியைத் தொடர்ந்தால் முதலில் எழுதிய விடைகள் பறிபோகவும் இடமுண்டு.

கொழும்பில் இருக்கும் பிள்ளைக்கு இந்த நிபந்தனைகள் கண்ணில் படவே படாது. நெடுந்தீவில் ஒரே போனை அக்காவும் தம்பியும் மாறி மாறிப் பாவிக்கும் வீட்டில் இவைதான் படிப்பைத் தீர்மானிக்கும். சமன்பாடு ஒன்றில் குறியை மாற்றிப் போட்ட பிள்ளை அதே பிழையைப் பத்துக் கணக்கிலும் செய்துவிட்டு, சில நாள் கழித்து மொத்தமும் பிழை என்று அறிவதில் என்ன பயன்? இணையம் இல்லாதபோதும் உடனே விடை சொல்லும்படி செய்யலாமா? செய்தால் விடைகள் போனுக்குள்ளேயே இருக்கும், பிள்ளை தோண்டிப் பார்க்கலாம். பரீட்சைக்கு அது ஆகாது, பயிற்சிக்குப் பரவாயில்லையா? இரண்டையும் எப்படிப் பிரிப்பது? ஆராய்ச்சி என்பது இந்தக் கேள்விகள்தான். அவற்றுக்கு விடை கண்டு மென்பொருளில் எழுதிச் சேர்ப்பது அபிவிருத்தி. ஒரு தவணை முழுவதும் ஒரு வகுப்பில் பரீட்சித்துப் பார்த்து, பிள்ளைகள் உண்மையில் கூடுதலாகக் கற்றார்களா என்று அளப்பதும் அதற்குள் அடக்கம். நிரல் எழுதுவதை விட இந்தக் கடைசி வேலைக்குத்தான் காலமும் பணமும் அதிகம் பிடிக்கும். முதலில் வெட்டப்படுவதும் அதுதான்.

இன்னொரு குறை நம்மவருக்கே உரியது. நமது ஆசிரியர்கள் ஆண்டுக்கணக்காகச் சேர்த்துவைத்த குறிப்புகளிலும் மாதிரி வினாத்தாள்களிலும் பெரும்பங்கு பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. தாளில் அச்சிட்டால் அழகான தமிழ். அதையே பிரதி எடுத்துத் தளத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குவியலாகிவிடும். தேடினால் ஒரு சொல்லும் அகப்படாது. பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைக்கு வாசித்துக் காட்டும் செயலியாலும் அதைப் படிக்க முடியாது. யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இருக்கின்றன. ஆனால் இரசாயனச் சூத்திரமும் கணிதக் குறியீடும் ஆங்கிலச் சொல்லும் கலந்து கிடக்கும் ஒரு வினாத்தாளை அவற்றில் போட்டால், ஆங்கிலமாகவே இருக்க வேண்டியதும் தமிழாகி உருக்குலைந்துபோகும். எது பாமினி, எது உண்மையான ஆங்கிலம் என்று பிரித்தறியும் ஒரு நல்ல கருவி மூடிலுக்குள்ளேயே இருந்தால், தீவகத்தில் மட்டுமல்ல, இலங்கையின் தமிழ் ஆசிரியர் ஒவ்வொருவரின் அலுமாரியும் திறந்துவிடும். பேர்த்தில் இருப்பவர்களுக்கு இப்படி ஒரு பிரச்சினை இருப்பதே தெரிய நியாயமில்லை. தமிழ்நாட்டுப் பாடங்களை அப்படியே எடுத்துப் போடவும் இயலாது. பாடத்திட்டமும் வேறு, கலைச்சொற்களும் வேறு.

இணையமே இல்லாமல் இயங்கும் தீர்வுகளும் உலகில் உண்டு. சுவிற்சர்லாந்து ஆசிரியர் நிக்கொலா மார்ட்டினோனி உருவாக்கிய மூடில்பொக்ஸ், உள்ளங்கை அளவு கணினி ஒன்றில் மூடில் முழுவதையும் அடக்கி, சுற்றியுள்ள போன்களுக்கு வைஃபை வழியாகத் தருகிறது. அமெரிக்காவின் லேர்னிங் ஈக்குவாலிட்டி அமைப்பு செய்த கொலிப்ரியும் இதே நோக்கத்தது. இப்படி ஒரு பெட்டியை நெடுந்தீவு மகா வித்தியாலயத்தில் வைப்பதற்கு ஒரு கணினியின் விலைகூட ஆகாது. ஆனால் புதிய பாடங்களை அதில் யார் ஏற்றுவது, பிள்ளைகளின் பெறுபேறுகளைக் கல்வி வலயத்தின் தளத்தோடு எப்படிச் சேர்ப்பது, பெட்டி நின்றுபோனால் யாருக்குத் தெரியும்? இவற்றுக்கு முறை வகுக்காமல் வாங்கி வைத்தால் அது அதிபர் அறையில் தூசி படிந்து கிடக்கும். அப்படிக் கிடக்கும் நன்கொடைக் கருவிகளை நாம் பார்க்காதவர்களா?

அரசு செய்யட்டும் என்பார்கள். செய்ய வேண்டியதுதான். ஆனால் இலங்கை ஆய்வுக்கும் அபிவிருத்திக்கும் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 0.1 சதவீதம் மட்டுமே. பெரிய தொகைகள் கடனாகத்தான் வருகின்றன. உயர்கல்விக்கு 2017இலும் பாடசாலைக் கல்விக்கு 2018இலும் உலக வங்கி தலா 100 மில்லியன் டொலர் கடன் தந்தது. இத்தகைய பணத்தால் நன்மை உண்டு. ஆயினும் அதற்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் இருக்கும். மென்பொருளுக்கு அப்படி ஒரு முடிவுத் தேதி கிடையாது. ஆண்டுதோறும் புதிய பதிப்பு வரும், பழைய நீட்சிகள் அதில் ஓடாமல் போகும்.

தனியார் முதலீடு வேகமானது, ஆனால் அதை நம்பி நம் பிள்ளைகளை விடுவது ஆபத்து. 22 பில்லியன் டொலர் மதிப்பு என்று கொண்டாடப்பட்ட இந்தியாவின் இணையவழிக் கற்றல் நிறுவனமான பைஜூஸ் 2024இல் திவால் வழக்கில் போய் நின்றது. ஹார்வர்டும் எம்ஐடியும் தலா 30 மில்லியன் டொலர் போட்டு 2012இல் தொடங்கிய எடெக்ஸ் தளத்தை 2021இல் 800 மில்லியன் டொலருக்கு வாங்கிய நிறுவனமும் அதே 2024இல் கடன் பாதுகாப்புக் கோரியது. எடெக்ஸ் விஷயத்தில் ஒரு ஆறுதல், அதன் மென்பொருள் திறந்த மூலமாக இருந்ததால் பிறர் அதைத் தொடர்ந்து பேணுகிறார்கள். பைஜூஸுக்கு அதுவும் இல்லை.

ஆகவேதான் பலர் சிறுகச் சேர்த்து, கூடித் தீர்மானித்து, விளைவைப் பொதுவில் விடும் சந்தா முறை நமக்குப் பொருந்தும் என்கிறேன். இது தமிழருக்குப் புதிதல்ல. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம், தன்னார்வலர் உழைப்பிலும் அன்பர்கள் பங்களிப்பிலும் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட ஆவணங்களைச் சேர்த்துவிட்டது. ஊர்காவற்றுறை கரம்பொனில் பிறந்த தனிநாயகம் அடிகள், 1964இல் டில்லியில் உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றம் உருவாக முன்னின்றவர். ஆராய்ச்சிக்கு ஒரு பொது அமைப்பு வேண்டும் என்று உலகத்துக்குச் சொன்ன குரல் தீவகத்திலிருந்து போன குரல்.

பரீட்சித்துப் பார்த்துப் பெருக்குவதும் இங்கு நடந்த காரியமே. சூரிய ஒளி, காற்று, மின்கலம், டீசல் நான்கையும் இணைத்து மின்சாரம் தரும் முறை முதலில் சின்னஞ்சிறு எழுவைதீவில் ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு முயன்று பார்க்கப்பட்டது. அதன் பிறகுதான் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்குமான திட்டம் வந்தது. இந்தியா 11 மில்லியன் டொலரை நன்கொடையாகத் தர 2022இல் உடன்பாடு கையெழுத்தானது. மின்சாரத்துக்கு நியாயமாகப் படும் வரிசை, படிப்புக்கு ஏன் ஆடம்பரமாகத் தோன்ற வேண்டும்?

நான் முன்வைப்பது பெரிய நிறுவனம் அல்ல. தீவக வலயத்து ஆசிரியர்கள் ஆண்டுக்கு ஒருமுறை தங்கள் வகுப்பில் தளம் எங்கே முட்டுகிறது என்று எழுதித் தரட்டும். சந்தா கட்டும் சங்கங்களும் ஆசிரியர்களும் சம வாக்கோடு ஒன்றைத் தெரிவுசெய்யட்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கணினி விஞ்ஞான மாணவர்களில் ஒருவரோ இருவரோ மேற்பார்வையோடும் முறையான கொடுப்பனவோடும் அதைச் செய்யட்டும். ஒரு பாடசாலையில் ஒரு தவணை பரீட்சிக்கட்டும். சரிவராவிட்டால் சரிவரவில்லை என்று வெளியிடட்டும். அடுத்தவர் அதே குழியில் விழாமல் இருக்க அதுவும் உதவும். சரிவந்தால் நிரலை மூடிலின் பொதுக் களஞ்சியத்துக்கே அனுப்பட்டும். அப்போது ஈ-தக்சலாவவும் சல்லிக் காசு செலவில்லாமல் அதை எடுத்துக்கொள்ளலாம். மலையகத்துப் பிள்ளைக்கும் மன்னார்ப் பிள்ளைக்கும் அது போய்ச் சேரும்.

கொடுப்பவரின் தயக்கம் எனக்குப் புரிகிறது. கட்டடத்துக்குக் கொடுத்தால் பெயர்ப்பலகை வைக்கலாம், அப்பாவின் நினைவாகத் திறந்து வைக்கலாம். மென்பொருளில் நீங்கிய ஒரு குறையைப் படம் எடுத்து அனுப்ப முடியாது. இதற்குப் பதிலாகத் தரக்கூடியது வெளிப்படையான கணக்கு ஒன்றுதான்: எந்தக் குறை, எவ்வளவு காசு, யார் செய்தார், எந்த வகுப்பில் பரீட்சித்தார், என்ன கண்டார். அந்த அறிக்கையின் முதல் பக்கத்தில் நினைவுப் பெயர் போடுவதில் ஒரு குற்றமும் இல்லை.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். எந்தத் தளமும் ஆசிரியரின் இடத்தை நிரப்பாது. தளம் இருக்கிறதுதானே என்று காட்டி நெடுந்தீவின் வெற்றிடங்களை நிரப்பாமல் விட யாராவது முனைந்தால், இந்த நிதிக்குப் பங்களித்தவர்களே முதலில் எதிர்த்து நிற்க வேண்டும். படகு ஓடும் நாளில் ஆசிரியர் கட்டாயம் வகுப்பில் இருக்க வேண்டும். தளம் மற்ற நாட்களுக்கு.

சங்கங்களின் அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டங்களில் கணினிக்கு ஒதுக்கும் தொகை பேசப்படும்போது, அதில் பத்தில் ஒரு பங்கை இதற்கென்று வைக்கும் தீர்மானத்தை யாராவது கொண்டுவரலாம். முதலாண்டுக்கான வேலையும் கையில் இருக்கிறது: பாமினி வினாத்தாள்களைச் சூத்திரம் சிதையாமல் யூனிகோடுக்கு மாற்றும் கருவி. சிறிய வேலை, அளந்து பார்க்கக்கூடியது, ஓர் ஆண்டுக்குள் பலன் தெரியும்.