கராஃபாவின் கற்களுக்குச் சாட்சி சொல்ல வாருங்கள்

கெய்ரோவில் செத்தவர்களைக் காலி செய்யச் சொல்கிறார்கள். குடிசைகளைக் காலி செய்வது எப்படி என்று எல்லா ஊர் அரசுகளுக்கும் தெரியும். இது அதற்கும் அடுத்த படி. கல்லறைச் சுவரில் பெயின்டால் குறி போடுகிறார்கள். குடும்பத்துக்குச் செய்தி போகிறது. பிள்ளைகளும் பேரர்களும் வந்து குழிக்குள் இறங்கி, பாட்டன் பாட்டியின் எலும்புகளைப் பொறுக்கித் துணியில் கட்டிக்கொண்டு, நகரத்துக்கு வெளியே பாலைவனத்தில் ஒதுக்கப்பட்ட புது மையவாடிக்குப் போகிறார்கள். அப்புறம், சாலைக்கும் மேம்பாலத்துக்கும் இடம் செய்ய, புல்டோசர் வருகிறது.

"எகிப்து எங்கே, நாம் எங்கே" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இந்த இடிப்புக்கு எதிரான வேலையில் நம் கையில் மட்டுமே இருக்கக்கூடிய சில பொருள்கள் தேவைப்படுகின்றன. அதைக் கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

இடிபடும் இடம், முகத்தம் குன்றின் அடிவாரத்தில் வடக்கும் தெற்குமாக நீண்டு கிடக்கும் மையவாடி. பெயர் அல்-கராஃபா. 7ஆம் நூற்றாண்டில் அம்ர் இப்னுல் ஆஸ் ஃபுஸ்தாத் நகரை நிறுவிய காலத்திலிருந்து அங்கே அடக்கம் நடக்கிறது. கெய்ரோ பிறந்ததோ 969ல். ஊரைவிட மையவாடி மூத்தது. வடக்குப் பகுதியை இன்றும் "மம்லூக்குகளின் பாலைவனம்" என்றுதான் சொல்கிறார்கள். இரவில் குன்றிலிருந்து இறங்கிக் குழந்தைகளைத் தூக்கிப்போகும் பிசாசு பற்றிய பழங்கதை உண்டு. இஃப்ரீத் என்னும் பேய்களைக் கண்டதாகச் சொல்வோர் தலைமுறைக்குத் தலைமுறை உண்டு. ஆனாலும் பயந்து யாரும் ஒதுங்கவில்லை. 12ஆம் நூற்றாண்டில் வந்த பயணி இப்னு ஜுபைர் அங்கே ஓர் இரவு தங்கினார். வெள்ளி இரவுகளில் கெய்ரோ மக்கள் பெண்டு பிள்ளைகளோடு போய் அங்கேயே படுத்துக்கொள்வதை 14ஆம் நூற்றாண்டில் இன்னொரு பயணி இப்னு பதூதா எழுதிவைத்தார். வீடு கிடைக்காத ஏழைகள் இன்றும் கல்லறை முற்றங்களில் குடியிருக்கிறார்கள். பேய்க்கு அஞ்சாத சனங்களைச் சாலை விரட்டுகிறது.

ஒரு குடும்பக் கல்லறை எப்படி இருக்கும் தெரியுமா? தெருவிலிருந்து பார்த்தால் வீட்டு மதில்தான். கதவைத் தள்ளினால் முற்றம், ஒரு மரம், வந்தவர்கள் தங்க ஓர் அறை. நடுவில் சலவைக்கல் மேடை. பழைய பிரபுக்களின் மேடை என்றால் தலைமாட்டுத் தூணின் உச்சியில் கல்லில் செதுக்கிய தலைப்பாகையோ தர்பூஷ் தொப்பியோ இருக்கும். பெண்ணுடையது என்றால் பின்னல் தொங்கும். ஜடையின் ஒவ்வொரு புரியும் கல்லில் தெரியும். சுற்றிலும் பெயரும் தேதியும் ஃபாத்திஹா ஓதச்சொல்லும் வேண்டுகோளும். உடல் மேலே இல்லை. படி இறங்கினால் இரண்டு நிலவறை, ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. மணல்மேல் கஃபன் துணியோடு, தொழும் திசையான கிப்லாவைப் பார்த்துக் கிடத்துவார்கள். காவல் காக்கும் துரபிக்குத்தான் எந்தக் கல்லுக்குக் கீழே யார் என்பது தெரியும். பெருநாளன்று குடும்பம் கூடிவந்து, செத்தவர் பேரால் ரொட்டியும் பழமும் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டுப் போகும். இவ்வளவும் ஒரு காலைப்பொழுதில் கல்லும் மண்ணுமாகிவிடுகிறது.

2020ல் வடக்கு மையவாடியைக் கிழித்துக்கொண்டு ஒரு சாலை போனது. அதற்கு "ஃபிர்தவ்ஸ்" என்று பெயர். சுவர்க்கம்! 2022ல் தாஹா ஹுசைனின் கல்லறைக்கே குறி விழுந்தது. கண்பார்வை இல்லாமல் நவீன அரபு உரைநடையைத் தூக்கி நிறுத்திய அந்தப் பகுத்தறிவாளரின் எலும்புகளை அயல்நாட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று குடும்பமே யோசிக்கும் நிலை வந்தது. எதிர்ப்பு வலுத்த பிறகுதான் அது தப்பியது. 2023ல் ஆய்வுக் குழு அமைத்தார்கள். "அழியாதவர்களின் மையவாடி" ஒன்று கட்டிப் பெரிய மனிதர்களை அங்கே மாற்றுவோம் என்றார்கள். இடிப்பு தொடர்ந்ததால் குழுவிலிருந்தே ராஜினாமா நடந்தது. 2024 அக்டோபரில், எகிப்தை ஆண்ட முகமது அலி பாஷாவின் அரண்மனைப் பெண் ஒருவருக்காக எழுப்பிய குவிமாடம் வீழ்ந்தது.

ஒவ்வொரு முறையும் அரசு சொன்ன பதில் ஒன்றே: "இது பதிவு செய்யப்பட்ட தொல்சின்னம் அல்ல."

பதிவு செய்ய வேண்டியவர் யார்? அவர்களேதான். வரலாற்றுக் கெய்ரோ 1979லேயே யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிவிட்டது. ஆனாலும் பெயர் பெற்ற குவிமாடத்தைப் பளபளப்பாக்கிவிட்டு அதைச் சுற்றியிருக்கும் ஆயிரம் வருட அக்கம்பக்கத்தைத் துடைத்துப்போடுவது தடையில்லாமல் நடக்கிறது. இமாம் ஷாஃபியீயின் அடக்கத்தலத்தைப் பாருங்கள். 1211ல் சுல்தான் அல்-காமில் கட்டியது, உச்சியில் சிறு படகு வைத்த மரக் குவிமாடம். பழுதுபார்த்து 2021ல் திறந்தார்கள். சுற்றியுள்ள கல்லறைகளை அடுத்தடுத்த ஆண்டுகளில் இடித்தார்கள்.

இங்கேதான் நம் கணக்கு தொடங்குகிறது. காயல்பட்டினம், கீழக்கரை தொடங்கிக் காத்தான்குடி வரை நம் கடற்கரை முஸ்லிம்கள் தொழுவது இந்த இமாமின் மத்ஹபில், அதாவது அவர் வகுத்த சட்டநெறியில். அவர் 820ல் மறைந்தார். ஆயிரத்து நூறு ஆண்டுக்குப் பிறகும் எகிப்தியர்கள் அவருக்குக் கடிதம் எழுதி அடக்கத்தலத்துக்கு அனுப்பினார்கள்: நிலத்தைப் பறித்துக்கொண்டான், சம்பளம் தரவில்லை, நீதி வேண்டும். சமூகவியலாளர் சையித் உவைஸ் அந்தக் கடிதங்களை ஆராய்ந்து 1965ல் நூலாக்கினார். உயிரோடிருக்கும் அதிகாரியிடம் நியாயம் கிடைக்காதவன் செத்த நீதிமானிடம் மனு போட்டான். அந்த முகவரியைச் சுற்றித்தான் இயந்திரம் உறுமியது.

நிலத்தடி நீர் ஏறிச் சுவர்களை உப்பு அரிப்பது பொய்யல்ல. கெய்ரோவின் நெரிசலும் பொய்யல்ல. ஆனால் காய்ச்சல் கண்டவனைப் புதைத்துவிடுவதற்கு வைத்தியம் என்று பெயர் கிடையாது. கப்ரு ஜியாரத் கூடுமா கூடாதா என்ற சண்டையை நம் பள்ளிவாசல் வாசலிலேயே வைத்துக்கொள்வோம். அதற்கும் மேம்பாலத்துக்காக எலும்பைப் பெயர்ப்பதற்கும் சம்பந்தமில்லை. பகுத்தறிவுத் தோழர்களே, உங்கள் ஆளான தாஹா ஹுசைனும் அந்த மண்ணில்தான் படுத்திருக்கிறார்.

எகிப்திய இளைஞர்கள் செல்போனோடு இடிபாடுகளுக்குள் புகுந்து கற்களைத் துடைத்துப் படம் எடுக்கிறார்கள். கூஃபி எழுத்துப் பொறித்த 9ஆம் நூற்றாண்டுக் கல்லொன்றை அப்படித்தான் மீட்டார்கள். உடைந்த பிறகு கிடைக்கும் துண்டு எந்த முற்றத்தில், எந்தச் சுவரில் இருந்தது என்று காட்ட உடையாத காலத்துப் படம் வேண்டும். அது நம் வீட்டு அலமாரியில் இருக்கலாம்.

அல்-அஸ்ஹரில் படித்துத் திரும்பிய ஆலிம்களே, எகிப்து ஜியாரத் போய்வந்தவர்களே, ஆல்பங்களை இன்றைக்கே திறங்கள். குடும்பத்தோடு நின்று எடுத்த படத்தில் உங்கள் தோளுக்குப் பின்னால் தெரியும் சுவர் முக்கியம். படத்தின் பின்புறத்திலேயே எந்த ஆண்டு, எந்தத் தெரு என்று எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாதீர்கள். அது படத்தைச் சுருக்கிவிடும், எடுத்த இடமும் நேரமும் அழிந்துபோகும். மூலக் கோப்பையே கொடுங்கள். மதரஸா உஸ்தாதுகளே, படங்களில் தெரியும் கல்லெழுத்தைப் படித்துப் பெயரும் ஹிஜ்ரி ஆண்டும் எடுத்தெழுத உங்களைப்போன்றவர்களின் கண் வேண்டும். பழைய அரபுத்தமிழ்ப் பிரதியோடு மல்லுக்கட்டிய உங்களுக்கு இது ஆகாத வேலையல்ல. இப்போது கெய்ரோவில் படிக்கும் பிள்ளைகளே, அங்கே கேமராவைத் தூக்குவதே வம்பு. போலீசாரிடம் மாட்டிக்கொள்ள வேண்டாம். ஜியாரத் செய்யுங்கள், திரும்பி வந்து நினைவிலிருந்து எழுதுங்கள்.

எழுத்தாளர் சங்கங்களும் ஜமாஅத்துகளும் தொழிற்சங்கங்களும் தனித்தனியாகத் தீர்மானம் போடுங்கள். டெல்லியிலும் கொழும்பிலும் உள்ள எகிப்துத் தூதரகங்களுக்கு ஒரு பிரதி, பாரிஸில் யுனெஸ்கோவுக்கு ஒரு பிரதி. ஃபிர்தவ்ஸ் சாலை போட்டபோது எகிப்தின் தொல்பொருள் துறை அமைச்சராக இருந்த காலித் அல்-எனானிதான் 2025ல் யுனெஸ்கோவின் தலைமை இயக்குநராகத் தேர்வானவர். கடிதம் அவர் பெயருக்கே போகட்டும். இரண்டே கேள்வி போதும்: எஞ்சிய முற்றங்களை எந்தத் தேதிக்குள் பதிவு செய்வீர்கள்? அதுவரை இடிப்பை நிறுத்தச் சொல்வீர்களா?

சுற்றுலா ஏற்பாட்டாளர்கள் அடுத்த குழுவைக் கெய்ரோவுக்கு அழைத்துப் போகும்போது இமாமின் குவிமாடத்தோடு பஸ்ஸைத் திருப்ப வேண்டாம். சுற்றுத் தெருக்களிலும் நடக்க விடுங்கள். "இங்கே இருந்த கல்லறைகள் எங்கே?" என்று ஒவ்வொரு பயணியும் வழிகாட்டியிடம் உரக்கக் கேட்கட்டும்.